கெளம்பு, கௌம்பு, ஒரு ஏழு மாச வேலை

நேத்து வீட்டுக்கு வந்த கல்யாணப் பத்திரிகைல "கெளரி"ன்னு அடிச்சிருந்தாங்க. அதாவது கௌவுக்குப் பதிலா கெ, பக்கத்துல ஒரு ள. வீட்ல யாரும் கவனிக்கல, எனக்கு மட்டும் 2000ம் வருஷம் ராயப்பேட்டைல ஒரு வீட்டு மாடி ஞாபகம் வந்துடுச்சு.

டைடல் பார்க் தொறந்த வருஷம் அது. கூடப் படிச்சவன்லாம் அங்க, இல்லன்னா அமெரிக்கான்னு அலைஞ்சிட்டிருந்தப்போ நான் போய்ச் சேர்ந்தது மொத்தமே அஞ்சு பேர் இருந்த ஒரு தமிழ் சாஃப்ட்வேர் கம்பெனி. சம்பளம் 3,500 ரூபா. யாராவது கேட்டா அம்மா "கம்ப்யூட்டர் கம்பெனி"ன்னு சொல்லி நிறுத்திப்பாங்க, ஃபாண்ட் செய்றான்னு சொன்னா யாருக்குப் புரியும்.

அப்போல்லாம் ஆளாளுக்கு ஒரு ஃபாண்ட், ஒவ்வொண்ணுக்கும் ஒரு என்கோடிங், அதாவது எந்த எழுத்துக்கு எந்த நம்பர்ங்கிற கணக்கு. 1999ல சென்னைல நடந்த தமிழ்நெட் மாநாட்டுக்கு அப்புறம் அரசாங்கம் டாம், டாப்னு ரெண்டு என்கோடிங்கும் தமிழ்99 கீபோர்டும் அறிவிச்சிருந்தாங்க, விண்டோஸ் 2000ல எல்லா மொழிக்கும் பொதுவான என்கோடிங்கான யூனிகோட்ல தமிழும் லதா ஃபாண்டும் வந்தாச்சு, ஆனா பத்திரிகைக்காரங்க பேஜ்மேக்கர்ங்கிற பக்க வடிவமைப்பு சாஃப்ட்வேர்ல அவங்கவங்க பழைய ஃபாண்ட்லயேதான் தட்டிட்டிருந்தாங்க. அதையெல்லாம் யூனிகோடுக்கு மாத்துற கன்வர்ட்டர் என் தலைல விழுந்துச்சு.

பழைய ஃபாண்ட்ல கண்ணுக்குத் தெரியுற வரிசைலதான் எல்லாம் இருக்கும். "கொ"ன்னா முதல்ல கொம்பு, அப்புறம் க, அப்புறம் கால். யூனிகோட்ல க முன்னாடி வந்துடணும். அது ரெண்டு நாள் வேலை. மாட்டினது ஔகாரத்துல. கௌவுக்குக் கடைசில வர்ற குறியும் நம்ம ள எழுத்தும் அந்த ஃபாண்ட்கள்ல ஒண்ணேதான். நான் பாட்டுக்கு கொம்பு, ஒரு எழுத்து, பின்னாடி ள வந்தா ஔகாரம்னு எழுதிட்டு பெருமையா ஒரு சிறுகதையைப் போட்டுப் பாத்தேன்.

"சீக்கிரம் கௌம்பு"ன்னு வந்துச்சு. அடுத்த வரில "தெளிவு" ஒடஞ்சுபோய், தௌ பக்கத்துல ஒரு புள்ளி வட்டமும் கொக்கியும் அநாதையா நின்னுச்சு.

அங்க ப்ரூஃப் பாக்க ஒரு பெரியவர் இருந்தார், முப்பது வருஷம் அச்சகத்துல எழுத்து கோத்தவர், எல்லாருக்கும் அவர் ஐயா. ஸ்க்ரீனை எட்டிப் பாத்துட்டு "தெளிவே இல்லையே தம்பி"ன்னார். சிரிக்கக்கூட இல்ல. ஒரு பழைய ப்ரூஃப் தாளைத் திருப்பிப் போட்டு, "எழுதிக்குங்க, ஔ வர்ற வார்த்தை அவ்ளோ ஒண்ணும் கெடையாது"ன்னு சொல்ல ஆரம்பிச்சார். மௌனம், கௌரவம், பௌர்ணமி, சௌகரியம், வௌவால், ரௌடி... டீ வந்து ஆறியும் போச்சு, அவர் நிறுத்தல.

ளவுக்குப் பின்னாடி கொக்கியோ காலோ புள்ளியோ வந்தா அது எழுத்து. இல்லன்னா லிஸ்ட்ல தேடு, லிஸ்ட்ல இல்லாட்டி ளன்னே விட்டுடு. கெளம்பு பொழைச்சுது.

ரெண்டு வாரம் கழிச்சு ஒரு கதைல "கெளவி" வந்தா. பேச்சு வழக்குல கிழவி. ஆனா நாய் எலும்பைக் கௌவிட்டுப் போறதும் அதே எழுத்து, அதே வரிசை. ஐயாகிட்ட கொண்டுபோனேன். ரொம்ப நேரம் பாத்துட்டு, "இது மெஷினுக்குத் தெரியாது, கதையப் படிச்சாத்தான் தெரியும்"னார். அந்த ஒரு வார்த்தை வந்தா மட்டும் மஞ்சள் அடிச்சு நிக்கிற மாதிரி எழுதி வச்சேன், ஆள் பாத்து சரின்னு சொன்னாத்தான் மேல நகரும். அப்புறம் எத்தனையோ ப்ராஜெக்ட் பண்ணியாச்சு, நான் எழுதினதுலயே எனக்குப் பிடிச்ச கோட் இன்னும் அதுதான்.

ஏழு மாசம்தான். சம்பளம் ரெண்டு தடவை தள்ளிப்போச்சு, பெரிய கம்பெனில வேலை கெடச்சுது, வீட்ல எல்லாருக்கும் நிம்மதி. கடைசி நாள் சாயங்காலம் ஐயா மேஜைக்குப் போய் "ஐயா, கெளம்புறேன்"னேன். கண்ணாடிய எறக்கிப் பாத்தார்.

"லிஸ்ட்ல யௌவனம் விட்டுப்போச்சு தம்பி, சேத்துட்டுப் போங்க."