வெட்டி எறிந்த பகுதி

யாழ்ப்பாணம் கொக்குவிலில் எனக்கொரு சின்ன ஸ்ரூடியோ. கலியாணம், சாமத்திய வீடு, கோயில் திருவிழா என்று வருடம் முழுக்க வேலை ஓடும். ஊரில் என்னைப் படம் எடுக்கிறவன் என்பார்கள். உண்மையில் என் நேரத்தில் முக்கால்வாசி வெட்டுவதில்தான் போகிறது. ஆறு மணித்தியாலக் கலியாணத்தை நாலு நிமிடமாகச் சுருக்கினால்தான் கனடாவில் இருக்கிற சித்தப்பா கடைசி வரை பார்ப்பார். எதை வெட்டுவது என்று இப்போதெல்லாம் யோசிப்பதே இல்லை, கை பழகிவிட்டது. ஆள் ஒன்றும் செய்யாமல் இருக்கிறாரா, வெட்டு.

அதே கையோடுதான் கிளைடர் வீடியோக்களுக்குள்ளும் போனேன்.

அக்காவின் மகன் ஜேர்மனியில் பிறந்து வளர்ந்தவன். அங்கே ஆசிரியர் சம்மதித்தால் 14 வயதிலேயே கிளைடரைத் தனியாக ஓட்ட விடுகிறார்கள். எஞ்சின் கிடையாது. தரையில் நிற்கும் விஞ்ச் இயந்திரத்தின் கம்பியால் இழுத்து ஒரு நிமிடத்துக்குள் 400 மீற்றர் அளவுக்கு ஏற்றி விடுவார்கள், மிச்சம் காற்றின் பாடு. அவன் பழகிய ஏஎஸ்கே 21 என்ற இருவர் இருக்கும் கிளைடர், அசையாத காற்றில் ஒரு கிலோமீற்றர் உயரத்தைச் செலவழித்து 34 கிலோமீற்றர் மட்டில் போகும். நான் அதை ஊர்க் கணக்கில் போட்டுப் பார்த்தேன். யாழ்ப்பாண நகருக்கு மேலே ஒரு கிலோமீற்றரில் விட்டால் பருத்தித்துறை வரை சறுக்கிக்கொண்டே போகலாம். வாடைக்காற்று எதிர்த்து அடித்தால் வழியில் வல்லை வெளியில் இறங்கி நின்று யாரையாவது கூப்பிட வேண்டியதுதான்.

முதலில் அவன் அனுப்பிய கோப்பு இரண்டரை மணித்தியாலம். நான் அதை ஐந்து நிமிடமாக்கினேன். விஞ்ச் இழுக்கும் இடம், முகிலின் அடியில் வட்டம் போடும் இடம், தரை ஓடி வந்து முட்டும் இடம், இவ்வளவும் வைத்து மேலே ஒரு நல்ல இசையும் போட்டேன். அவன் கிளைடர் கழகத்தில் இன்னும் இரண்டு பேர் பார்த்துவிட்டுத் தங்களுக்கும் செய்து தரக் கேட்டார்கள். யூரோவில் காசு. கலியாண சீசன் இல்லாத மாதங்களில் அந்தக் காசு எனக்குப் பெரிய ஆறுதல்.

மருமகன் மட்டும் ஒன்று கேட்டான். “மாமா, அந்த பீப் சத்தத்தை ஏன் எடுத்தனீங்கள்?”

காதைக் குத்துது என்று எடுத்தேன். வேறு காரணமில்லை. பிறகு அவன்தான் விளங்கப்படுத்தினான். அது வேரியோமீற்றரின் சத்தம். காற்று விமானத்தைத் தூக்கினால் சத்தம் கீச்சென்று மேலேறி விட்டு விட்டு வேகமாக அடிக்கும். இறங்கினால் தாழ்ந்து முனகும். 1928 அளவில் ரொபர்ட் குரோன்பெல்ட் என்ற கிளைடர் விமானி அந்தக் கருவியைக் கிளைடரில் கொண்டுபோகத் தொடங்கிய காலத்தில் அது வெறும் முள். முள்ளைப் பார்க்கக் கண் உள்ளே வரவேண்டும். பிறகு வந்தவர்கள் அதற்குச் சத்தம் கொடுத்தது, விமானி கண்ணை வெளியே வைத்திருக்கட்டும் என்றுதான். கண்ணாடிக் கூரைக்கு வெளியே ஒரு கம்பளி நூலையும் ஒட்டி வைத்திருக்கிறார்கள். விமானம் பக்கவாட்டில் சறுக்கினால் நூல் சரியும். இத்தனை கருவிகள் வந்த பிறகும் அந்த நூலை யாரும் கழற்றவில்லையாம். பார்வைக்கு நேரே வெளியில் இருப்பதால் தலை குனியத் தேவையில்லை.

இதைக் கேட்டபோது எனக்கு எங்கள் பட்டத்தில் பூட்டும், காற்றுப் பட்டால் கூவும் விண் ஞாபகம் வந்தது. மார்கழி, தை மாதங்களில் பட்டத்துக்கு விண் பூட்டி ஏற்றி, இரவில் இறக்காமல் பனையிலோ வேலிக் கதியாலிலோ கட்டிவிட்டுப் படுப்போம். பாயில் கிடந்தபடியே, விண் கூவும் விதத்தை வைத்து மேலே காற்று எப்படி என்று ஐயா சொல்லுவார். சத்தம் இளகினால், “காத்து விழுது, எழும்பிப் போய்ப் பார்” என்பார். நான் கண்ணைக் கசக்கிக்கொண்டு போவதற்குள் சில நாள் பட்டம் பக்கத்து வளவு முருங்கையில் கிடக்கும். அப்படி வளர்ந்த நான்தான் வேரியோவின் சத்தத்தை இரைச்சல் என்று துடைத்து எறிந்திருக்கிறேன்.

அடுத்த மாதம் மருமகனிடமிருந்து இன்னொரு குறுஞ்செய்தி. அவனுடைய ஆசிரியர் நான் செய்த வீடியோவைப் பார்த்தாராம், வடிவாயிருக்கிறது என்றாராம். “வெட்டின மிச்சத்தையும் அனுப்பட்டாம், மாமா.” மிச்சத்தை ஒருவர் கேட்டது என் தொழிலில் அதுதான் முதல் தடவை.

அனுப்ப முதல் நானும் ஒருக்கால் ஓட விட்டுப் பார்த்தேன். கருவிப் பலகையில் பொருத்திய கமரா அவன் முகத்தைப் பார்க்கிறது. நான் தூக்கி எறிந்ததெல்லாம் அவன் தலையைத் திருப்பும் காட்சிகள். இடப்பக்கம், மேலே, நேரே, வலப்பக்கம், திரும்ப இடப்பக்கம். பஸ் நிலையத்தில் யாரையோ தேடுகிறவன் மாதிரி. ஒன்றும் நடக்கவில்லை என்று நான் வெட்டிய இடம் அது. ஆசிரியருக்குத் தேவைப்பட்டது அந்த இடம் மட்டும்தான்: எவ்வளவு நேரம் பையன் வெளியே பார்க்கிறான், எவ்வளவு நேரம் திரையைப் பார்க்கிறான்.

எடிட்டிங் மேசையில் இதை எண்ணுவது சுலபம். ஒரு இடத்தில் அவன் கண் வரைபடத் திரையில் விழுந்து, திரும்ப வெளியே போக 11 செக்கன். பென்சிலால் குறித்து வைத்தேன். மணிக்கு 100 கிலோமீற்றரில் இவன் போகிறான், எதிரே இன்னொருவன் அதே வேகத்தில் வருகிறான் என்றால் 11 செக்கனில் இருவருக்கும் இடையில் 600 மீற்றருக்கு மேல் கரைந்துவிடும். அந்த 11 செக்கனில் அவன் செய்தது என்ன? இரண்டு விரலால் வரைபடத்தைப் பெரிதாக்கினான், சின்னதாக்கினான், திரும்பப் பெரிதாக்கினான். அந்த விரல் அசைவை நான் எங்கள் வீட்டு விறாந்தையில் பார்த்திருக்கிறேன். போன வருடம் லீவுக்கு வந்தபோது ஒன்றும் தேடாமலே போனில் அப்படித்தான் செய்துகொண்டிருந்தான். அவனை மட்டும் சொல்லி என்ன, நானும் சாப்பிடும்போது அதைத்தான் செய்கிறேன்.

“ஃபிளார்ம் கத்தும்தானே?” என்று கேட்டேன். ஃபிளார்ம் என்பது 2004 இல் சுவிஸில் வந்த எச்சரிக்கைப் பெட்டி. கிளைடர்கள் தங்கள் இருப்பிடத்தையும் போக்கையும் ரேடியோவில் ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்ளும். அது இல்லாத விமானம் அதற்குத் தெரியாது, பருந்தும் தெரியாது என்றான். அப்புறம் ஆசிரியர் சொன்ன இன்னொன்றையும் சொன்னான். நேராக மோத வருகிற விமானம் கண்ணாடியில் நகராதாம். ஒரே இடத்தில் புள்ளியாக நிற்கும், கடைசி நேரத்தில்தான் சட்டென்று பெரிதாகும். நகருகிறதைப் பிடிக்கப் பழகிய கண்ணுக்கு நகராத புள்ளி அகப்படாது. அதனால்தான் தலையைத் திருப்பித் திருப்பி, துண்டு துண்டாக நிறுத்திப் பார்க்கச் சொல்கிறார்கள். என் வேலையும் அசைவதை வைத்துவிட்டு அசையாததை எறிவதுதான். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன்.

இது இந்தக் காலத்துப் பெடியளின் வியாதி என்று சொல்லித் தப்பவும் முடியாது. 2009 இல் அமெரிக்காவில் ஒரு பயணிகள் விமானத்தின் இரண்டு விமானிகளும் மடிக்கணினியில் மூழ்கி, இறங்கவேண்டிய மினியாபொலிசைத் தாண்டி நூறு மைலுக்கு மேல் போய்விட்டார்கள். திரைகள் வர முதலே, 1972 டிசம்பரில் மியாமிக்குப் பக்கத்தில் ஒரு பெரிய விமானம் விழுந்து 101 பேர் இறந்தார்கள். விமானியறையில் எல்லாரும் எரியாத ஒரு சின்ன பல்பைப் பார்த்துக்கொண்டிருக்க, விமானம் மெல்ல மெல்ல இறங்கியிருக்கிறது. உயரம் குறைகிறதென்று எச்சரிக்கை மணியும் அடித்தது. ஒருவரும் காதில் வாங்கவில்லை. சத்தம் இருந்தால் போதும் என்பது போல நான் மேலே சொன்னதை இந்த மணி கொஞ்சம் குழப்புகிறது. ஐயா பாயில் கிடந்து விண்ணைக் கேட்டபோது அவர் கையில் வேறு ஒன்றும் இருக்கவில்லை.

எனக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு தைப்பொங்கலன்று வல்வெட்டித்துறைப் பட்டத் திருவிழாவை ட்ரோனில் எடுக்கப் போனேன். அனுமதி எடுத்துத்தான் போனேன். கடற்கரை முழுக்கச் சனம், மேலே ஆள் உயரத்தை விடப் பெரிய பட்டங்கள். நான் தொப்பியைத் தாழ்த்தி, வெயில் படாமல் கையை மறைத்து, ரிமோட்டின் திரையைப் பார்த்தபடி நின்றேன். பற்றரி 61 வீதம், சிக்னல் முழுசு, உயரம், தூரம், எல்லாம் சரி. படமும் அருமையாக வந்துகொண்டிருந்தது. திடீரென்று திரையில் வானமும் கடலும் இரண்டு தரம் புரண்டன, பிறகு மணல். பட்ட நூல் திரையில் தெரியவே இல்லை. நிமிர்ந்து பார்த்திருந்தால் நூல் தெரிந்திருக்காது என்றாலும் பட்டம் தெரிந்திருக்கும். பட்டம் அங்கே நின்றால் நூல் எங்கே வரும் என்று பட்டம் விட்டு வளர்ந்தவனுக்குச் சொல்லவா வேண்டும்?

ட்ரோன் போனது ஒரு பக்கம். நூல் அறுந்து இரண்டு கிழமை இருந்து கட்டிய ஒரு பட்டம் கடலுக்குப் போய்விட்டது. கட்டியவருக்கு அறுபது வயதிருக்கும். ஏசவில்லை. “தம்பி, மேல விட்டிட்டுக் கீழயே பாத்துக்கொண்டு நிண்டா என்னண்டு?” என்று மட்டும் கேட்டார். ஏசியிருந்தால் மறந்திருப்பேன்.

அதற்குப் பிறகு ட்ரோன் ஏற்றினால் உதவிக்கு வரும் பெடியனைப் பக்கத்தில் நிறுத்துவேன். அவன் போனை என் பைக்குள் வாங்கி வைத்துவிட்டு, அதை மட்டும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிரு என்பேன். கழுத்து நோகுது என்பான். நோகட்டும்.

மருமகனின் ஆசிரியர் வேறு வழி பிடித்தார். அடுத்த பறப்பில் பின் இருக்கையில் ஏறி, வரைபடத் திரையையும் உயரமானியையும் மட்டையால் மூடி ஒட்டிவிட்டாராம். காதில் வேரியோ, கண்ணுக்கு வெளியும் அந்தக் கம்பளி நூலும். முதல் பத்து நிமிடம் எப்படி இருந்தது என்று கேட்டேன். “வீட்டில போனை விட்டிட்டு வந்த மாதிரி மாமா, கை சும்மா சும்மா போகுது.” இறங்கும்போது உயரத்தை மரங்களை வைத்து மட்டுக்கட்டினானாம். ஒரு சொட்டுக் கூடுதலாக இருந்ததாம், ஆனால் ஓடுபாதைக்குள்தான்.

அந்தப் பறப்பின் வீடியோவும் வந்தது. இம்முறை தலை திருப்பும் காட்சியை 40 செக்கன் வெட்டாமல், இசை போடாமல், பீப் சத்தத்தோடு வைத்தேன். வலையில் ஏற்றிய பிறகு, எந்த நிமிடத்தில் எத்தனை பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று காட்டும் கோடு அந்த 40 செக்கனில் செங்குத்தாக விழுந்தது. பார்த்தவர்களில் பாதிப்பேர் அங்கேயே போய்விட்டார்கள்.

கழகத்தில் காசு தருகிற மற்ற இருவரில் ஒருவருடைய வீடியோவிலும் அப்படிச் செய்து பார்த்தேன். அந்த இடம் இழுக்கிறது, வெட்டிவிடுங்கள் என்று பதில் வந்தது. வெட்டிக் கொடுத்தேன். மருமகனுடையதில் இன்னும் இருக்கிறது.