தீர்த்தமலையில ஒரு மார்கழி ஞாயிறு

கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயித்துக்கிழமை அரூர் பக்கத்துல இருக்கற தீர்த்தமலை சிவன் கோயிலுக்கு போலாம்னு முடிவு பண்ணது அம்மாதான். மார்கழி பொறந்தாச்சு, மாசத்துல ஒரு நாளாவது அந்த மலை ஏறிடணும், தம்பியும் பெங்களூர்ல இருந்து வர்றான், எல்லாரும் ஒண்ணா போய்ட்டு வந்துரலாம்னு அவங்க கணக்கு. தம்பி பொண்டாட்டி கிறிஸ்டியன், தர்மபுரி பொண்ணுதான், அதனால இந்த வாரம் எங்க வீட்டுல எப்பவுமே டபுள் வேலை. விடியறதுக்கு முன்னாடியே கோயில் ஸ்பீக்கர்ல திருப்பாவை ஆரம்பிச்சுடும், அம்மா எழுந்து பனியில வாசல் தெளிச்சு கோலம் போட்டு பூசணிப்பூ வெப்பாங்க, ராத்திரியானா சம்பந்தி வீட்டுத் தெருவுல கிறிஸ்மஸ் தாத்தா வேஷத்தோட கேரல் ரவுண்ட்ஸ், நம்ம வீட்டுக் குழந்தைங்க ரெண்டுக்கும் ஓடுங்க, தூக்கம் மட்டும் யாருக்கும் கிடையாது.

சனிக்கிழமை ராத்திரி சாப்பாட்டுக்கு வந்துடுவோம்னு சொன்னவங்க நடுராத்திரி தாண்டித்தான் வந்தாங்க. ஒசூர் தாண்டுறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடுச்சாம், லீவு வாரத்துல பெங்களூர்ல இருக்கற பாதி தமிழ்நாடு அந்த ஒரே ரோட்டுலதான வரும். அம்மா களி கிண்டி மொச்சைக்கொட்டை குழம்பு வெச்சுட்டு ஹால்லயே உக்காந்துருந்தாங்க, சாப்பிடல. நான் சொல்லிப் பாத்தேன், கேக்கல. அவன் வந்து "எனக்கு எதுக்குமா வெயிட் பண்ற, சாப்பிட்டுப் படுக்க வேண்டியதுதான"ன்னான் பாருங்க, அம்மா மூஞ்சிய பாக்கணுமே.

அடுத்த நாள் கிளம்பவும் லேட்டு. ஞாயித்துக்கிழமை பூசை பாக்காம தம்பி பொண்டாட்டி வரமாட்டா, அது நியாயந்தான், அதுவும் கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிறுன்னா திருவருகைக் காலத்துல, அதாவது கிறிஸ்துமஸுக்கு காத்துக்கிட்டு இருக்கற வாரங்கள்ல, நாலாவது மெழுகுவர்த்தி ஏத்துற நாளாம். அதனால திரு இருதய ஆண்டவர் கோயில்ல காலைப் பூசை முடிச்சுட்டு வந்தா. அரூர்ல டீ குடிச்சுட்டு நேரா மலைக்கு போகாம முதல்ல அனுமந்தீர்த்தம், எங்க வீட்டு வழக்கம் அப்படி. தென்பெண்ணை ஆத்தங்கரைல இருக்கு, அங்க கால் நனைச்சு தலையில தண்ணி தெளிச்சுட்டுதான் மலைக்கே போகணும்னு பாட்டி காலத்துல இருந்து.

ஏன்னு என் பொண்ணு கேட்டா. அம்மா ஆத்தங்கரையிலேயே கதைய ஆரம்பிச்சுட்டாங்க. ராவணன வதம் பண்ணிட்டு வர்ற வழியில ராமர் இங்க சிவபூஜை பண்ணணும்னு நினைச்சாராம், காசில இருந்து கங்கைத் தண்ணியும் பூவும் கொண்டுவான்னு ஆஞ்சநேயர அனுப்பினாராம், அவரு வர லேட்டாயிடுச்சு, இங்க பூஜைக்கு நேரம் ஆயிடுச்சு, ராமர் மலையில ஒரு அம்பு விட்டாரு, தண்ணி கொட்டுச்சு, பூஜையும் முடிஞ்சுடுச்சு. அப்புறம் வந்து சேந்த ஆஞ்சநேயருக்கு கோபமான கோபம், கொண்டுவந்த தண்ணிய அப்படியே வீசிட்டாரு, அது விழுந்த இடம்தான் அனுமந்தீர்த்தம். சொல்லி முடிச்சுட்டு தம்பிய ஒரு பார்வை பாத்து "ராமரே காத்துக்கிட்டு இருக்கல, நாந்தான் கேணச்சி மாதிரி உக்காந்துருந்தேன்"னாங்க. எல்லாரும் சிரிச்சோம், அவன் மட்டும் போன எடுத்து நோண்ட ஆரம்பிச்சுட்டான்.

எனக்கு சின்ன வயசுல இருந்தே இந்தக் கதையில ஆஞ்சநேயர் பக்கம்தான். காசி என்ன பக்கத்துலயா இருக்கு. அவ்ளோ தூரம் போய்ட்டு வந்தவருக்கு இங்க வேலையே முடிஞ்சு போச்சுன்னா கோபம் வராதா. ஆனா வீட்டுல தட்டு வெச்சுக்கிட்டு உக்காந்துருக்கற ஆள் யாருன்னு யோசிச்சா ராமரையும் குத்தம் சொல்ல முடியல, அடுப்படில நிக்கறவங்களுக்குத்தான் தெரியும் நேரம் போறதோட வலி.

மலை ஏற்றம் மெதுவாத்தான். அடிவாரத்துலயும் கோயில் இருக்கு, முடியாதவங்க அங்கயே கும்பிட்டுட்டு திரும்பிடுவாங்க, அம்மா அதுக்கெல்லாம் ஒத்துக்க மாட்டாங்க. நாலு படிக்கு ஒரு தடவ நின்னு முட்டிய புடிச்சுக்கிட்டு "முருகா"ன்னுவாங்க, சிவன் மலையில முருகனான்னு கேட்டா "அருணகிரிநாதர் இங்க வந்து திருப்புகழ் பாடிருக்காருடி, நான் கூப்பிடக்கூடாதா"ன்னு பதில். பையன் அடுத்த நாள் சமூக அறிவியல் பரீட்சைன்னு புக்க தூக்கிக்கிட்டு வந்தான், குரங்கு ஒண்ணு அந்தப் பையவே குறி வெச்சு பின்னாடி வந்துச்சு, புக்க எடுத்துட்டுப் போனா நல்லதுன்னு அவன் முகத்துலயே எழுதியிருந்துச்சு.

மேல ராமர் தீர்த்தம். உசரமான பாறையில இருந்து தண்ணி விழுந்துக்கிட்டே இருக்கும், அதுக்கு அடியில நிக்கணும். மார்கழி குளிர்ல அந்தத் தண்ணி உச்சந்தலையில விழறப்ப வேண்டிக்கணும்னு நினைச்சதெல்லாம் மறந்தே போச்சு, "ஐயோ"ங்கறது மட்டும்தான் வாயில வந்துச்சு. அம்மா பல்லு தந்தியடிக்க நின்னாங்க, பக்கத்துல தம்பி பொண்டாட்டி அவங்க கைய புடிச்சுக்கிட்டு நின்னா. குமார தீர்த்தம், கௌரி தீர்த்தம், அகத்தியர் தீர்த்தம், அக்னி தீர்த்தம்னு மத்ததுலயும் கொஞ்சம் கொஞ்சம் தெளிச்சுக்கிட்டு உள்ள போனோம். தீர்த்தகிரீஸ்வரருக்கும் வடிவாம்பிகைக்கும் அர்ச்சனை. தம்பி பொண்டாட்டி மண்டபத்துல குழந்தைங்களோட உக்காந்துட்டா, யாரும் வான்னும் சொல்லல, ஏன்னும் கேக்கல. கல்யாணம் ஆன புதுசுல இதுக்கே ஒரு பஞ்சாயத்து நடந்துருக்கும், இப்ப அந்தத் தெம்பெல்லாம் ரெண்டு பக்கமும் இல்ல.

எறங்கி வந்து மரத்தடியில புளிசோத்த பிரிச்சோம். அப்பதான் அவ சொன்னா, "அத்தை, எங்க நாலு மெழுகுவர்த்தியும் காத்துக்கிட்டு இருக்கறதுக்குத்தான், வாரத்துக்கு ஒண்ணா ஏத்துவோம், சின்ன வயசுல எனக்கு அவ்ளோ எரிச்சலா வரும், நாலையும் ஒரே நாள்ல ஏத்திட்டா கேக் சீக்கிரம் வந்துடும்னு நினைச்சேன்"னு. அம்மா சிரிச்சுட்டு "உங்க வீட்டுலயாச்சும் வர்ற தேதி தெரியும், என் புள்ள வர்ற நேரம் யாருக்குத் தெரியும்"னாங்க. தம்பி அப்பத்தான் வாயத் தொறந்து "சாரிமா"ன்னான், அதுவும் அப்பளத்த கடிச்சுக்கிட்டே. அம்மா காதுல விழுந்துச்சா இல்லையான்னு தெரியல, அவன் இலையில இன்னொரு கரண்டி சோறு வெச்சாங்க.

அப்புறம் பேச்சு கிறிஸ்துமஸ் குடிலுக்கு போயிடுச்சு. அவங்க வீட்டுல மண்சட்டியில ராகி தூவி முளைக்க விட்டு குடிலுக்கு முன்னாடி பச்சைப் பசேல்னு வெப்பாங்க, இந்த வருஷம் பெங்களூர்ல இருந்துட்டதால தூவ முடியல, இன்னைக்கே போட்டாதான் இருபத்தஞ்சுக்குள்ள வரும்னு அவளுக்கு கவலை. "ராத்திரியே ஊற வெச்சிருந்தா சீக்கிரம் முளை விட்டுருக்கும், முன்னாடியே சொல்றதுக்கென்ன"ன்னு அம்மா அதட்டினாங்க, வீட்டு ராகி இருக்கு, நான் தரேன், கடையில வாங்காதன்னாங்க. பண்டிகை அன்னைக்கு சாப்பாடு பத்தியும் அங்கயே பேசி முடிச்சாச்சு. மார்கழி முழுக்க அம்மா கவுச்சி தொடமாட்டாங்க, அதனால சம்பந்தியம்மா பிரியாணி செய்யறதுக்கு முன்னாடியே அம்மாவுக்கு தனியா சாம்பார் வெச்சுடணும், அதிரசம் மட்டும் நிறைய எடுத்து வெக்கணும், அதுவும் பாத்திரம் தனின்னு கண்டிஷன். தம்பி "அப்ப கேக்குல முட்டை இருக்கும்லம்மா"ன்னு மெதுவா எடுத்து விட்டான்.

"அத நீ எதுக்குடா என்கிட்ட சொல்ற"ன்னாங்க அம்மா.