சினாரியோ தாள் எழுதப் போகிறவர்களுக்கு: எண்ணுக்கு முன்னால் அனுமானம்

சுற்றுச்சூழல் கதிரியக்க மாடலிங் தேர்வின் ரிசல்ட் வந்துவிட்டது. காற்றிலும் மண்ணிலும் கலந்த கதிரியக்கப் பொருள் மனிதருக்கு எவ்வளவு போய்ச் சேரும் என்று கணக்கிடும் பாடம். பாஸ். சினாரியோ தாளில் (ஒரு சூழ்நிலையை விவரித்துக் கணக்கிடச் சொல்லும் தாள்) நினைத்ததைவிட நிறையவே கிடைத்திருக்கிறது. தியரியில் எதற்கு அவ்வளவு வெட்டினார்கள் என்று இன்னும் விளங்கவில்லை, மறுமதிப்பீட்டுக்குப் போடும் தெம்பும் இல்லை. இந்தத் தேர்வை அடுத்த சுற்றில் எழுதப்போகும் சிலர் எப்படிப் படித்தீர்கள் என்று கேட்டார்கள். சூடு ஆறுவதற்குள் சொல்லிவிடுகிறேன். தேர்வின் அமைப்பு, மதிப்பெண் பங்கீடு எல்லாம் உங்களுக்கே தெரியும்.

ஒன்றே ஒன்றைத்தான் சொல்லலாம் என்றால் இதைச் சொல்வேன்: சினாரியோ தாளில் முதல் எண்ணை எழுதும் முன் ஒரு பக்கம் முழுக்க அனுமானங்களை எழுதுங்கள். மண் எந்த வகை என்று எடுத்துக்கொண்டீர்கள், மாடு வெளியில் மேய்ந்ததா தொழுவத்தில் நின்றதா, படிவு (காற்றிலிருந்து நிலத்தில் விழுந்த கதிரியக்கப் பொருள்) மழையோடு வந்ததா வறண்டு வந்ததா, எடை நீர் போக்கிய உலர் எடையா நீரோடு சேர்ந்த பச்சை எடையா, எந்தத் தேதிக்கான விடை. அப்புறம்தான் கால்குலேட்டரைத் தொட வேண்டும். பக்கத்து மேஜைகளில் எல்லாம் தாள் கிடைத்த உடனே டொக் டொக் என்று தட்டும் சத்தம் கேட்கும். கேட்கட்டும்.

இது என் சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை. நம் பாடத்திட்டத்தில் ‘சர்வதேச ஒத்துழைப்பு’ என்று ஒரு அலகு இருக்கிறதே, எல்லோரும் பெயர்ப் பட்டியலாக மனப்பாடம் செய்துவிட்டு ஓடுவார்களே, அங்கிருந்து எடுத்ததுதான். பல நாட்டு மாடலர்களை உட்கார வைத்து, ஒரே விவரக்குறிப்பைக் கொடுத்துக் கணக்குப் போடச் சொன்னபோது விடைகள் எங்கெங்கோ போயின. மாடல்கள் வேறு வேறு, அதனால் அப்படி என்று சொல்லலாம். ஆனால் ஒரே மாடலை வேறு வேறு ஆட்கள் ஓட்டியபோதும் விடைகள் கணிசமாக விலகின. காற்றிலிருந்து பாலுக்கு சீசியம் போகும் பாதையை வைத்தே இதைச் சோதித்து ஆய்விதழில் எழுதியிருக்கிறார்கள். விவரக்குறிப்பில் சொல்லாமல் விட்டதை ஆளாளுக்கு ஒரு மாதிரி நிரப்பிக்கொண்டார்கள். நம் வினாத்தாளும் வேண்டுமென்றே அப்படித்தான் ஓட்டையோடு வரும்.

மாடல்களை ஒப்பிட்டுச் சோதித்த பன்னாட்டுத் திட்டங்களின் பெயர்ப் பட்டியலையும் போட்டுவிடுகிறேன், ஒரு மார்க் கேள்விக்கு உதவும்.

- பயோமாவ்ஸ்: 1985-இல் ஸ்வீடனின் கதிர்வீச்சுப் பாதுகாப்பு நிறுவனம் தொடங்கியது. செர்னோபில் விபத்து 1986 ஏப்ரல் 26. ஆகவே ‘செர்னோபிலுக்குப் பிறகு தொடங்கியது’ என்று விருப்பத்தேர்வு வந்தால் அது பொறி.
- வாம்ப்: 1988-இல் சர்வதேச அணுசக்தி முகமை தொடங்கியது. செர்னோபில் அளவீடுகளை வைத்து மாடல்களைச் சோதிப்பதுதான் வேலை.
- பயோமாஸ்: 1996 முதல் 2001 வரை.
- எம்ராஸ்: 2003–2007. எம்ராஸ் இரண்டு: 2009–2011.
- மொடாரியா: 2012–2015. மொடாரியா இரண்டு: 2016–2019.
- மெரேயா: 2021-இல் தொடங்கியது.

வருடங்கள் அவ்வளவுதான். இதற்கு மேல் இதில் நேரம் போடாதீர்கள். ஒவ்வொன்றிலும் என்ன தெரியவந்தது என்பதில்தான் பெரிய கேள்விகள் வரும்.

வாம்ப்பைச் சரியாகப் பிடித்துக்கொண்டால் சினாரியோ தாள் எப்படி அமைக்கப்படுகிறது என்பதே பிடிபட்டுவிடும். அதில் இரண்டு பெரிய சோதனைகள்: மத்திய பொஹீமியா (செக் நாட்டுப் பகுதி), தெற்கு பின்லாந்து. மண்ணில் எவ்வளவு படிந்தது, மழை எவ்வளவு, ஜனங்கள் என்ன சாப்பிடுகிறார்கள், விவசாயம் எப்படி என்ற தகவல்கள் மட்டும் மாடலர்களுக்குக் கொடுக்கப்பட்டன. பாலில், இறைச்சியில், மீனில், மனித உடலில் உண்மையில் அளந்த சீசியம்-137 எவ்வளவு என்பதைக் காட்டவில்லை. கணிப்பை ஒப்படைத்த பிறகுதான் உறையைப் பிரித்தார்கள். நம் தாளிலும் இதே ஏற்பாடுதான், உறை மட்டும் திருத்துகிறவர் கையில் இருக்கிறது.

தெற்கு பின்லாந்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் கடைசியில் செர்னோபிலின் கதிரியக்க மேகம் வருகிறது. அந்த ஊரில் அப்போது மாடுகள் இன்னும் தொழுவத்தில்தான் நிற்கும், மேய்ச்சலுக்கு அவிழ்த்துவிட மே பாதிக்கு மேல் ஆகும். அயோடின்-131-இன் அரை ஆயுள் 8 நாள். மாடு புல்வெளிக்கு வருவதற்குள் 24 நாள் ஓடிவிட்டால் புல்லில் இருந்தது சிதைவினாலேயே எட்டில் ஒரு பங்காகிவிடும். மாடு முதல் நாளே மேய்ந்தது என்று எடுத்துக்கொண்டவருடைய விடை எங்கே, இது எங்கே? இருவருடைய சமன்பாடும் ஒன்றே. சீசியத்துக்கு அரை ஆயுள் 30 வருடம், அங்கே 24 நாள் சிதைவு ஒன்றுமே இல்லை. ஆனால் புதிதாக முளைத்த புல்லில் நேரடிப் படிவு குறைவு என்பதால் அங்கேயும் தொழுவம் கணக்கை மாற்றும். இந்த மாதிரி ஒரு வரியை அனுமானப் பக்கத்தில் எழுதினால் திருத்துகிறவர் அங்கேயே நிற்பார். என் விடைத்தாளில் அப்படித்தான் நடந்திருக்க வேண்டும், ஏனென்றால் என் இறுதி எண் ஒன்றும் பிரமாதமில்லை.

பின்லாந்தில் இன்னொன்றும் வெளிப்பட்டது. பால், தானியம், மாட்டிறைச்சி என்று பண்ணை உணவையே பார்த்துக்கொண்டிருந்தால் ஏரி மீன், காட்டுக் காளான், வேட்டை இறைச்சி கணக்கில் விழாது. உடலில் சேரும் சீசியத்தில் அவற்றுக்குக் கணிசமான பங்கு உண்டு, அதுவும் வருடங்கள் போகப்போக. தாளில் உணவுப் பட்டியல் கொடுத்து, அதில் காடு அல்லது ஏரியிலிருந்து வரும் ஒரு பொருளைச் சின்ன அளவில் ஒளித்து வைத்திருப்பார்கள். அதைத் தேடுங்கள்.

அப்புறம், சரியான விடை தவறான காரணத்தால் வருவது. வாம்ப் அறிக்கைகளில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான், கட்டுரைக் கேள்வியாகவும் வந்தது. உணவு வழியாக உள்ளே போகும் சீசியத்தை ஒரு மாடல் இரண்டு மடங்காகக் காட்டுகிறது, உடலிலிருந்து வெளியேறும் வேகத்தையும் இரண்டு மடங்காக வைத்துவிடுகிறது என்று வையுங்கள். இறுதியில் உடலில் உள்ள அளவு அளவீட்டோடு கச்சிதமாகப் பொருந்தும். நடுவில் இரண்டு இடத்தில் தப்பு. இதனால்தான் இந்தச் சோதனைகளில் இறுதி டோஸ் (மனிதர் வாங்கும் கதிர்வீச்சின் அளவு) மட்டும் கேட்காமல், புல், பால், இறைச்சி, உடல் என்று இடைநிலை எண்கள் எல்லாவற்றையும் கேட்டார்கள். நீங்களும் இடைநிலை எண்களை எழுதுங்கள். கால்குலேட்டருக்குள்ளேயே சங்கிலியாகப் பெருக்கிக் கடைசி எண்ணை மட்டும் இறக்கி வைப்பவர்கள் இந்தத் தாளில் அடிவாங்குவது நியாயம்தான்.

உலர் எடை, பச்சை எடை விவகாரத்தைக் கொஞ்சம் மெதுவாகப் பாருங்கள். சர்வதேச அணுசக்தி முகமையின் 2010 கையேட்டில் (தொழில்நுட்ப அறிக்கை வரிசை 472, எல்லோரும் வைத்திருப்பது) மண்ணிலிருந்து செடிக்கான இடமாற்றக் காரணிகள் (செடியில் உள்ள செறிவை மண்ணில் உள்ள செறிவால் வகுத்தது) உலர் எடை அடிப்படையில் இருக்கின்றன. மனிதர்கள் சாப்பிடுவது பச்சை எடையில். ஒரு கணக்கு: மண்ணில் கிலோவுக்கு 1,000 பெக்கரல் (வினாடிக்கு ஒரு சிதைவு என்பது ஒரு பெக்கரல்) சீசியம்-137, காரணி 0.05. செடியில் உலர் எடைக்குக் கிலோவுக்கு 50 பெக்கரல். காய்கறியில் உலர் பொருள் 10 சதவீதம் என்றால் பச்சை எடையில் 5 பெக்கரல். வருடம் 100 கிலோ சாப்பிட்டால் 500 பெக்கரல். பெரியவர்களுக்கான உட்கொள்ளல் கெழு (சாப்பிட்ட ஒரு பெக்கரலுக்கு எவ்வளவு டோஸ் என்பது) பெக்கரலுக்கு 0.013 மைக்ரோசீவர்ட், ஆக 6.5 மைக்ரோசீவர்ட். அந்த 10 சதவீதத்தை விட்டுவிட்டால் 65. இரண்டும் நம்பும்படியான எண்கள்தான், பார்த்தவுடன் எதுவும் உறுத்தாது. அதுதான் ஆபத்து.

அதே கையேட்டைப் பயன்படுத்தும்போது கவனிக்க வேண்டியவை:

- மதிப்பை எடுக்கும் முன் மண் வகை என்ன என்று பாருங்கள். மணல், களி, கரிமச்சத்து மிகுந்த மண் எல்லாவற்றுக்கும் தனித்தனி வரி.
- கொடுத்திருப்பது பெருக்கல் சராசரி (ஜியோமெட்ரிக் மீன்). பக்கத்தில் பெருக்கல் திட்ட விலக்கமும் இருக்கும். அதைக் கூட்டிக் கழிக்கக் கூடாது, பெருக்கி வகுக்க வேண்டும்.
- எத்தனை அளவீடுகளிலிருந்து வந்த எண் என்ற பத்தியைப் பாருங்கள். ஒன்றோ இரண்டோ என்றால் அதை விடையில் சொல்லுங்கள்.
- பெரும்பாலான தரவு மிதமான தட்பவெப்ப நாடுகளுடையது. வெப்பமண்டலக் கேள்வி வந்தால் இதையும் ஒரு வரியில் சொல்லுங்கள். மொடாரியா இரண்டில் இதற்கென்றே தனிக் குழு வேலை செய்திருக்கிறது.
- டிரிடியம், கார்பன்-14 வந்தால் இடமாற்றக் காரணியைத் தேடாதீர்கள். அவை நீரோடும் கார்பனோடும் கலந்து சுற்றுபவை, தன் கதிரியக்கச் செறிவு மாடல்தான் வேண்டும், அதாவது நீரிலோ கார்பனிலோ அவற்றின் விகிதம் சுற்றுப்புறத்திலும் உயிரிலும் ஒன்றே என்று எடுத்துக்கொள்ளும் மாடல்.

மண் வகை ஏன் அவ்வளவு முக்கியம் என்று கேட்டால் நான் பிரிட்டன் ஆடுகளைத்தான் சொல்வேன். 1986 ஜூனில் கம்பிரியா, வேல்ஸ் மலைப்பகுதி ஆடுகளுக்குச் செர்னோபில் சீசியத்தால் விற்பனைக் கட்டுப்பாடு போட்டபோது மூன்று வாரத்தில் எடுத்துவிடலாம் என்றார்கள். கடைசிக் கட்டுப்பாடு நீங்கியது 2012-இல். களிமண்ணில், குறிப்பாக இல்லைட் கனிமத்தில், சீசியம் போய் மாட்டிக்கொள்ளும், செடிக்குக் கிடைக்காது. மலைமேல் இருப்பது பீட் மண் (அரைகுறையாக மக்கிய செடிகளால் ஆன மண்), களி குறைவு, பொட்டாசியமும் குறைவு. சீசியம் வேருக்கும் மண்ணுக்கும் திரும்பத் திரும்பப் போய் வந்துகொண்டே இருந்தது. தாழ்நில மண்ணில் கற்ற பாடத்தை மலைக்கு ஏற்றியதன் விலை 26 வருடம். இந்த உதாரணத்தை எந்தக் கட்டுரைக் கேள்விக்கும் வளைக்கலாம், நான் இரண்டு கேள்விகளுக்குப் பயன்படுத்தினேன்.

கடல் பகுதியில் எனக்கு ஆர்வம் குறைவு, அதனால் சுருக்கம். மொடாரியாவில் பால்டிக் கடலையும் புகுஷிமா கரையையும் ஒப்பிட்டார்கள். பால்டிக்கில் மாடல்கள் ஓரளவு ஒத்துப்போயின. புகுஷிமாவில் சிதறின, ஏனென்றால் குரோஷியோ, ஒயாஷியோ நீரோட்டங்கள் மோதும் இடம் அது, ஆளுக்கொரு நீரோட்டத் தரவு வைத்திருந்தார்கள். எல்லோருக்கும் ஒரே நீரோட்டத்தைக் கொடுத்ததும் விடைகள் நெருங்கின. மீதியை நீங்களே படித்துக்கொள்ளுங்கள்.

பயோமாஸின் ‘மாதிரி உயிர்க்கோளம்’ பகுதியைப் பலர் தவிர்ப்பார்கள், தவிர்க்காதீர்கள். ஆழ்நில அணுக்கழிவுக் கிடங்கிலிருந்து பல்லாயிரம் வருடம் கழித்துக் கசியும் ஒன்றை யார் அளந்து சரிபார்ப்பது? அளவீடே இல்லாத இடத்தில் எல்லா நாட்டினரும் உட்கார்ந்து, எதை அனுமானிப்பது, அதை எப்படிக் காரணத்தோடு பதிவு செய்வது என்று ஒரு முறையை வகுத்தார்கள். முதல் உதாரணம் மிக எளிது: ஒரு கிணறு, அதில் தண்ணீர் குடிக்கும் மனிதர்கள். அனுமானப் பக்கம் எழுதப் பழக இதைவிட நல்ல பயிற்சி கிடையாது.

உயிரினங்கள் பகுதிக்கு மூன்றே வரி. விலங்குக்கும் செடிக்கும் சீவர்ட் (மனிதருக்கான டோஸ் அலகு) கிடையாது, கிரே (உறிஞ்சிய டோஸின் அலகு). பன்னாட்டுக் கதிரியக்கப் பாதுகாப்பு ஆணையம் 2008-இல் மான் முதல் பழுப்புக் கடற்பாசி வரை 12 மாதிரி உயிரினங்களை விவரித்தது. உயிரினங்களுக்கான ஆபத்தை மதிப்பிடும் எரிக்கா கருவியின் வடிகட்டும் மதிப்பு (இதற்குக் கீழே என்றால் மேற்கொண்டு ஆராய வேண்டாம்) மணிக்கு 10 மைக்ரோகிரே.

குழுவாகப் படிப்பது பற்றிக் கேட்டார்கள். எனக்கு ஒத்துவரவில்லை. நான் தனியாக, தாளில், மெதுவாகப் போட்டுப் பார்க்கும் ஆள். மென்பொருளை ஓட்டிப் படித்தவர்களும் பாஸ் ஆகியிருக்கிறார்கள், ஆனால் ஓட்டும் முன் உள்ளே இயல்பாக நிரப்பியிருக்கும் மதிப்புகளை ஒருமுறையாவது திறந்து பாருங்கள். ஒன்றுக்கு மட்டும் துணை வேண்டும்: ஒரு பழைய சினாரியோவை நீங்களும் நண்பரும் பேசிக்கொள்ளாமல் தனித்தனியாகப் போட்டு, பிறகு ஒப்பிடுங்கள். எண்களை ஒப்பிடாதீர்கள், அனுமானப் பக்கங்களை ஒப்பிடுங்கள்.

வாய்மொழித் தேர்வில் எனக்கு வந்த கேள்வி: ‘பத்து மாடல்களும் ஒரே விடை சொன்னால் அது சரியா?’ பத்தும் ஒரே கையேட்டிலிருந்து எண்களை எடுத்திருந்தால் அது ஒரே குரல்தான், அளவீட்டோடு ஒப்பிட்டால்தான் ஏதாவது சொல்ல முடியும் என்றேன். ஒரு தேர்வாளர் தலையாட்டினார். மற்றவர், அப்படியானால் கிடங்குக் கேள்வியில் என்ன செய்வீர்கள் என்றார். பயோமாஸைச் சொல்ல ஆரம்பித்தேன், அதற்குள் இருவரும் தங்களுக்குள்ளேயே விவாதிக்கத் தொடங்கிவிட்டார்கள். என் நேரம் அதிலேயே முடிந்தது.