வன்னியில் முதல் ஒன்லைன் கடை: பெயர் வைக்கமுன் காசுக் கணக்கு

ட்ரொப்ஷிப்பிங் (சரக்கைத் தான் வாங்கி வைக்காமல், ஓடர் வந்த பிறகு சரக்குக்காரரைக் கொண்டு நேரே அனுப்புவிக்கும் வியாபாரம்) தொடங்கப்போகிறவர்கள் பெரும்பாலும் கடைக்குப் பெயர், லோகோ, வெப்சைட் டிசைன் என்ற வரிசையில் போகிறார்கள். அது தலைகீழ் வரிசை. சரக்கு உங்கள் கையில் இல்லாத வியாபாரத்தில் முதலில் முடிவாக வேண்டியவை வேறு. சரக்கு யாரிடம் கிடக்கிறது? வாங்குபவரின் காசு எந்த வழியால் உங்களிடம் வந்து சேரும்? திரும்பி வரும் பார்சல் யாருடைய தலையில் விழும்? இந்த மூன்றுக்கும் பதில் இருந்தால் வெப்சைட் இரண்டு மூன்று நாள் வேலை. பதில் இல்லாவிட்டால் எவ்வளவு வடிவான வெப்சைட்டும் கை கொடுக்காது.

முதலில், எதைச் செய்யக்கூடாது என்பதை முடித்துவிடுவோம். சீனாவில் இருக்கும் சரக்கை அமெரிக்காவில் இருப்பவருக்கு விற்பது, அதுவும் கிளிநொச்சியில் இருந்துகொண்டு. யூரியூப் காணொளிகள் சொல்லித்தருவது அநேகமாக இதைத்தான். இலங்கைப் பேபால் கணக்கால் காசு அனுப்பலாம், வாங்க முடியாது. வெப்சைட்டில் கார்ட் காசு வாங்கித்தரும் ஸ்ட்ரைப் இலங்கைக்குச் சேவை தருவதில்லை, ஷொப்பிஃபை என்ற ஒன்லைன் கடைத் தளத்தின் சொந்தக் கட்டண முறையான ஷொப்பிஃபை பேமன்ட்ஸும் அப்படியே. பேயோனியர் என்ற பணச் சேவை, சந்தைத் தளங்களில் இருந்து வரும் காசை எடுக்க நல்லது; உங்கள் கடையில் ஒருவர் கார்ட் போட்டு வாங்குவதற்கு அது வழியல்ல. போதாக்குறைக்கு, 800 டொலருக்குக் குறைந்த பார்சலுக்கு வரியில்லை என்ற அமெரிக்கச் சலுகை 2025 மே 2 முதல் சீனா, ஹொங்கொங் சரக்குக்கும், ஆகஸ்ட் 29 முதல் எல்லா நாட்டுச் சரக்குக்கும் நின்றுவிட்டது. அதற்கு முந்திய காணொளிகளில் வரும் இலாபக் கணக்கு இன்றைக்குச் செல்லாது. லண்டனில் கொம்பனி பதிந்து செய்கிறவர்கள் இருக்கிறார்கள்தான். அது இரண்டாவது கடைக்கான யோசனை.

சீன ஒன்லைன் சந்தையான அலிஎக்ஸ்பிரசில் இருந்து நேரே இங்குள்ளவருக்கு எடுப்பித்துக் கொடுப்பதும் முதல் கடைக்குப் பொருந்தாது. பொருள் வரக் கிழமைக்கணக்காகும், சுங்கத்தில் மறிபடலாம், வரி கேட்டால் வாங்கியவர் உங்களைத்தான் ஏசுவார். அதோடு சீன விற்பனையாளர் உங்களுக்காகக் காத்திருந்து வீட்டு வாசலில் காசு வாங்கித் தரமாட்டார். நம் சனம் பொருளைக் கண்ணால் கண்ட பிறகே காசு எடுக்கும்.

ஆகவே மிஞ்சுவது இரண்டு வழி. ஒன்று, கொழும்பு புறக்கோட்டையில் உள்ள மொத்த வியாபாரி பார்சலைக் கட்டி நேரே குரியரில் போட, காசு வாசலில் வாங்கப்படும் சிஓடி முறை. மற்றது, வவுனியா, கிளிநொச்சி ரவுண் கடைகளையே சரக்குக்காரராக வைத்துக்கொண்டு, கனடாவிலோ லண்டனிலோ இருக்கும் பிள்ளை கார்ட்டில் கட்ட, ஊரில் இருக்கும் அம்மாவுக்குப் பொருள் போகும் முறை. இரண்டையும் சேர்த்து நடத்தலாம். ஆனால் கணக்கு வேறு வேறு.

சிஓடி கணக்கை ஒரு பொருளில் வைத்துப் பார்ப்போம். விலைகள் கணக்குக்காக எடுத்தவை, உங்கள் எண்களைப் போட்டு மாற்றுங்கள். மொத்த விலை 1,400 ரூபா, விற்பனை விலை 2,900. குரியர் 450, பை, டேப், லேபிள் 60, ஒரு ஓடர் பிடிக்க முகநூல் விளம்பரச் செலவு 450. பொருள் போய்ச்சேர்ந்தால் கையில் நிற்பது 540. வாங்காமல் திருப்பினால்? போன குரியர் 450, திரும்பி வர 200, பொதி 60, விளம்பரம் 450. மொத்த நட்டம் 1,160. அதாவது ஒரு ரிட்டேர்ன், இரண்டு நல்ல விற்பனையின் இலாபத்தைத் தின்று இன்னும் கொஞ்சம் கேட்கும். பத்து ஓடரில் இரண்டு திரும்பினால் 2,000 ரூபா மிஞ்சும். மூன்று திரும்பினால் 300. நான்கு திரும்பினால் 1,400 நட்டம். இவ்வளவும் மொத்த வியாபாரி திரும்பி வந்த பொருளைக் குறை சொல்லாமல் எடுத்துக்கொண்டால்தான். அவர் எடுக்கமாட்டேன் என்றால் இரண்டு ரிட்டேர்னிலேயே 800 ரூபா போய்விடும். விலை பேசுவதைவிட இந்த ஒரு விசயத்தைப் பேசுவது முக்கியம்: திரும்பிய பொருளை எத்தனை நாளுக்குள் எடுப்பார், பெட்டி பிரிந்திருந்தால் எடுப்பாரா, காசா மாற்றுப் பொருளா. வாய்ப்பேச்சாக விடாமல் வட்ஸ்அப்பில் எழுத்தில் வாங்கி வையுங்கள்.

ட்ரொப்ஷிப்பிங்கை "முதலே தேவையில்லாத வியாபாரம்" என்று சொல்வதும் இங்கேதான் உடைகிறது. வாசலில் வாங்கிய காசைக் குரியர்காரர் அன்றைக்கே தருவதில்லை. கிழமைக்கு ஒருமுறையோ இன்னும் பிந்தியோ வங்கியில் போடுவார், தன் கூலியைக் கழித்துக்கொண்டு. மொத்த வியாபாரியோ பார்சல் கட்டமுன் காசு கேட்பார். மேலே சொன்ன பொருளில் ஓடருக்கு 1,910 ரூபா (பொருள், பொதி, விளம்பரம்) உங்கள் கையால் முன்னுக்குப் போகிறது. நாளுக்கு ஐந்து ஓடர், காசு திரும்ப பத்து நாள் என்றால் 95,500 ரூபா எந்நேரமும் வெளியில் கிடக்கும். விற்பனை நன்றாகப் போகப்போக இந்தத் தொகை கூடும். ஓடர் இல்லாமல் மூடும் கடைகளோடு, ஓடர் வந்தும் புரட்டக் காசில்லாமல் மூடும் கடைகளும் உண்டு. குரியரோடு ஒப்பந்தம் போடும்போது கூலிக்கு அடுத்ததாகக் கேட்க வேண்டியது, சிஓடி காசு எந்தக் கிழமை நாளில் விழும், அதற்குத் தனியாக வீதம் வெட்டுவார்களா என்பதுதான்.

திருப்பலைக் குறைக்கும் வேலை விலாசத்தில் தொடங்குகிறது. கொழும்பில் பார்சல் பிரிக்கிறவருக்கு வன்னி ஊர்கள் தெரியாது. வவுனிக்குளம் துணுக்காய்ப் பக்கம் இருக்கிறது. லேபிளில் ஆங்கிலத்தில் அவசரமாக எழுதினால் வவுனியாவுக்குப் போய்விடும். மாந்தை கிழக்கு முல்லைத்தீவு மாவட்டம், மாந்தை மேற்கு மன்னார். புதுக்குடியிருப்பு என்ற பெயரில் மட்டக்களப்பிலும் ஊர் உண்டு. எனவே லேபிளில் முதல் வரி மாவட்டம், இரண்டாவது பிரதேச செயலகப் பிரிவு, பிறகு ஊர். அதற்குக் கீழே பக்கத்தில் உள்ள பள்ளிக்கூடமோ கோயிலோ சங்கக் கடையோ. குடியேற்றத் திட்டக் காணிகளில் வீட்டு இலக்கத்தைவிட வாய்க்கால் பெயரும் யூனிற் இலக்கமும்தான் ஆளைக் கண்டுபிடிக்க உதவும்.

பார்சல் கட்டமுன் ஒரு கோல் கட்டாயம். "ஓடர் போட்டது நீங்கள்தானே?" என்று கேட்டுவிட்டு வைத்தால் போதாது. எவ்வளவு காசு கட்டவேண்டும், எந்த நாளில் வரும், பகலில் வீட்டில் யார் நிற்பார்கள், அவர் கையில் காசு கொடுத்து வைப்பீர்களா என்று நான்கையும் கேட்கவேண்டும். பகலில் வயலிலோ ஆடைத் தொழிற்சாலையிலோ நிற்கிறவர் தெரியாத இலக்கத்தில் இருந்து வரும் அழைப்பை எடுக்கமாட்டார். குரியர் பொடியன் இரண்டு மூன்று தரம் எடுத்துப் பார்த்துவிட்டு "ஆள் இல்லை" என்று திருப்பிவிடுவான். அதனால்தான் இரண்டாவது தொலைபேசி இலக்கம் தேவை. பிள்ளைகள் அப்பாவின் போனில் விளையாட்டாகப் போடும் ஓடர்களும் இந்தக் கோலில் பிடிபடும். கோலை எடுக்காதவருக்குப் பார்சல் கட்டாதீர்கள். விளம்பரக் காசு ஏற்கெனவே போனதுதான்; ஆனால் குரியர் போக வர, பொதி என்று 710 ரூபாவாவது மிஞ்சும்.

ஏ9 வீதிக்குக் கிட்டவான ஊர்களுக்குக் குரியர் வீட்டுக்கே வரும். ஒட்டுசுட்டான், நெடுங்கேணி, பூநகரியின் உட்பக்கங்களுக்கு எந்தக் கொம்பனி உள்ளே போகும், எது சந்தியில் நின்று "வந்து எடுங்கோ" என்று சொல்லும் என்பதைக் கிளைக்கே நேரில் போய்க் கேளுங்கள். உட்கிராமங்களுக்குத் தபால் திணைக்களத்தின் சிஓடி சேவையையும் யோசிக்கலாம். தபால்காரருக்கு ஆளைத் தெரியும் என்பது சின்ன விசயமல்ல.

எதை விற்பது என்பதில் ஒரு வடிகட்டி: பாரம். குரியர் தராசில் காட்டும் எடையை மட்டும் பார்ப்பதில்லை. நீளம், அகலம், உயரத்தை சென்ரிமீற்றரில் பெருக்கி 5,000 ஆல் வகுத்து வரும் எண் கூடவாக இருந்தால் அதற்குக் கூலி எடுப்பது வழமை. 40, 30, 30 சென்ரிமீற்றர் பிளாஸ்ரிக் பெட்டி ஒரு கிலோகூட இல்லாவிட்டாலும் கணக்கில் 7.2 கிலோ. இலாபம் முழுவதும் காற்றைக் கொண்டுபோகும் செலவில் போய்விடும். உடுப்பு என்றால் அளவு பிழைத்துத் திரும்புவது அதிகம். "எம், எல்" என்று போடாமல் மார்பளவையும் நீளத்தையும் அங்குலத்தில் நீங்களே அளந்து போடுங்கள். கைத்தொலைபேசி முதல் கடைக்கு வேண்டாம். தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவில் பதிவில்லாத போன் பிறகு உங்கள் கழுத்தில் விழும். விற்றே தீருவேன் என்றால் ஐஎம்இஐ இலக்கத்தை (ஒவ்வொரு போனுக்கும் உள்ள தனி அடையாள இலக்கம்) 1909க்கு எஸ்எம்எஸ் அனுப்பிப் பார்த்துவிட்டு விற்கவும். வெள்ளையாக்கும் கிறீம் பக்கம் தலைவைத்தும் படுக்காதீர்கள்; இலாபம் கூடுதலாகத் தெரிவது உண்மை, பாதரசம் கலந்தவை சந்தையில் ஓடுவதும் உண்மை.

எதை விற்றாலும் ஒன்றைக் காசு கொடுத்து வாங்கி, சொந்த ஊர் விலாசத்துக்கே எடுப்பியுங்கள். பொதியின் பலம், வந்த நாள், உண்மையான நிறம், பெட்டிக்குள் மொத்தக் கடையின் பில் கிடக்கிறதா என்பதெல்லாம் அதில் தெரிந்துவிடும். பில் கிடந்தால் அடுத்தமுறை வாடிக்கையாளர் அந்தக் கடைக்கே நேரே எடுப்பார். சரக்குக்காரர் அனுப்பும் படத்தைவிட உங்கள் போனில் வெயிலில் எடுத்த படம் திருப்பலைக் குறைக்கும்.

தளம் பற்றிய முடிவு இவ்வளவுக்கும் பிறகுதான், அதுவும் பெரிய முடிவல்ல. சிஓடி மட்டும் என்றால் முகநூல் பக்கமும் வட்ஸ்அப் பிஸ்னஸும் முதல் ஐம்பது ஓடருக்குப் போதும். வட்ஸ்அப் பிஸ்னஸின் பொருள் பட்டியலில் 500 பொருள் வரை போடலாம். கார்ட் காசு வேண்டும் என்றால் வெப்சைட் வேண்டும். ஷொப்பிஃபை எளிது. ஆனால் மாதக் கட்டணம் டொலரில், அதோடு அவர்களுடைய சொந்தக் கட்டண முறை இங்கு இல்லாததால் பேசிக் திட்டத்தில் ஒவ்வொரு விற்பனைக்கும் மேலதிகமாக 2%. வேர்ட்பிரஸ் என்ற வெப்சைட் மென்பொருளோடு சேர்த்துக் கடை நடத்த உதவும் வூகொமர்ஸ் இலவசம். டொமைனுக்கும் ஹொஸ்ரிங்குக்கும்தான் செலவு. கொஞ்சம் கைவேலை தெரிந்தவருக்கு அதையே சொல்லுவேன்.

வூகொமர்ஸில் முதலில் கை வைக்க வேண்டிய இடம் செக்அவுட் படிவம், அதாவது வாங்குபவர் பெயர், விலாசம் நிரப்பி ஓடரை முடிக்கும் பக்கம். வழமையாக வரும் படிவம் மின்னஞ்சல், தபால் குறியீடு, கடைசிப் பெயர் எல்லாவற்றையும் கட்டாயமாகக் கேட்கும். நம் சனத்தில் பாதி அந்த இடத்தில் மூடிவிட்டுப் போய்விடும். அவற்றைக் கட்டாயமில்லாமல் ஆக்கி, மாவட்டம், பிரதேச செயலகப் பிரிவு, அடையாள இடம், இரண்டாவது போன் என்று சேருங்கள். கிளிநொச்சி 4, முல்லைத்தீவு 6, வவுனியா 4, மன்னார் 5 என்று மொத்தம் 19 பிரிவுதான். தெரிவுப் பட்டியலாகப் போட்டால் எழுத்துப்பிழையே வராது. படங்களை 100 கேபிக்குள் சுருக்குங்கள். டேட்டா கார்ட் முடியப்போகிற நேரத்தில் பார்க்கிறவரும் வாடிக்கையாளர்தான்.

கார்ட் காசுக்கு பேஹியர், வெப்எக்ஸ்பே போன்ற உள்ளூர் கேட்வேகள் (வாங்குபவரின் கார்ட்டில் இருந்து காசை எடுத்து உங்களிடம் சேர்ப்பிக்கும் சேவைகள்) உண்டு. வெளிநாட்டில் எடுத்த வீசா, மாஸ்டர் கார்ட்டும் போகும். விண்ணப்பிக்க முன் திருப்பிக் கொடுக்கும் விதி, தனியுரிமை, நிபந்தனைப் பக்கங்கள் வெப்சைட்டில் இருக்கட்டும். இல்லாமல் விண்ணப்பித்தால் இழுபடும். பேஹியரில் வாங்கியவர் "நன்றி" பக்கத்துக்குத் திரும்பி வந்ததைக் காசு வந்ததற்குச் சாட்சியாக எடுக்காதீர்கள். கேட்வே தனியாக உங்கள் சேர்வருக்கு அனுப்பும் அறிவித்தலில் நிலை எண் 2 என்றால்தான் காசு விழுந்தது. 0 காத்திருப்பு, -2 தோல்வி, -3 கார்ட்காரர் பிறகு மறுத்துக் காசைத் திருப்பியது. வங்கிச் சிலிப் படம் அனுப்புகிறவர்களிலும் இதே கவனம்: படத்தை விட்டுவிட்டுக் கணக்கு மீதியைப் பாருங்கள்.

அந்த -3 தான் வெளிநாட்டுப் பிள்ளை கட்டும் வழியில் உள்ள ஒரே பெரிய ஆபத்து. மற்றபடி இந்த வழியில் திருப்பல் மிகக் குறைவு, காசு முன்னுக்கே வருகிறது, கிளிநொச்சிக் கடையில் இருந்து முச்சக்கரவண்டியில் அன்றைக்கே குக்கரும் பள்ளிச் சப்பாத்தும் பிறந்தநாள் கேக்கும் போய்ச்சேரலாம். எனக்குக் கேட்டால் முதல் கடை இதுதான். படிவத்தில் கட்டுபவரும் பெறுபவரும் வேறு வேறாக இருக்கவேண்டும், பொதிக்குள் விலை போட்ட பில் போகக்கூடாது, பெற்றவர் பொருளோடு நிற்கும் படமும் கையொப்பமும் எடுத்துச் சேமிக்கவேண்டும். கார்ட்காரர் மறுத்தால் அந்தப் படம்தான் உங்கள் ஆதாரம். அதை விலாசம் தெரிய முகநூலில் போட்டு விளம்பரம் செய்யும் பழக்கம் மட்டும் வேண்டாம். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒரு பக்கம் இருக்க, தனியே இருக்கும் வயது போனவர்களின் வீட்டை ஊருக்குக் காட்டிக்கொடுக்கிற வேலை அது.

சொந்தப் பெயரல்லாத பெயரில் நடத்துவதென்றால் வியாபாரப் பெயரைப் பதியவேண்டும். கிராம அலுவலரின் உறுதிப்படுத்தலோடு பிரதேச செயலகத்தில் செய்யலாம். அந்தப் பத்திரம் இருந்தால் வங்கிக் கணக்கும் கேட்வேயும் சுகம்.

எப்போது திறப்பது என்பதும் யோசிக்க வேண்டியதே. ஐப்பசி, கார்த்திகையில் சனத்தின் காசு விதைப்பிலும் உரத்திலும் கிடக்கும், மழைக்கு உட்பாதைகள் மூடும், சிஓடி பார்சல்கள் வரிசையாகத் திரும்பும். காலபோக வெட்டு முடிந்து நெல் விற்ற மாசி, பங்குனியில்தான் வாசலில் காசு இருக்கும். மார்கழியில் சாம்பிள் எடுத்து, படம் பிடித்து, கேட்வே விண்ணப்பத்தை முடித்து வைத்தால் நேரம் சரியாக இருக்கும்.