க்ளெய்ம் போடுவதா, கையிலிருந்து கொடுப்பதா

காலையில் கிளம்பும் அவசரத்தில் டிக்கியைத் திறக்கப் பின்பக்கம் போனபோதுதான் பார்த்தேன். பின்பம்பரின் வலது மூலை உள்ளே அமுங்கியிருந்தது. அமுங்கிய இடத்தின் மேல் ஒரு சாண் நீளத்துக்கு வெள்ளைப் பெயிண்ட் இழுபட்டு ஒட்டியிருந்தது. என் கார் அடர்நீலம். தரையில் சிவப்புப் பிளாஸ்டிக் சில்லு ஒன்று கிடந்தது. என் விளக்குகள் இரண்டும் முழுதாக இருந்ததால், அது இடித்தவருடைய விளக்கிலிருந்து விழுந்தது என்று புரிந்தது. வைப்பருக்கு அடியில் பெயரோ தொலைபேசி எண்ணோ எழுதிய சீட்டு எதுவும் செருகியிருக்கவில்லை.

கையில் போனை எடுத்து, கார் காப்பீட்டுப் பாலிசித் தாளின் முதல் பக்கத்தில் இருந்த எண்ணை அழைக்கப் போய், பாதியில் நிறுத்தினேன். அந்த அழைப்பில் பேசுகிறவர் முதலில் பாலிசி எண்ணைக் கேட்பார், அடுத்ததாக நடந்தது என்ன என்று கேட்பார், பேசி முடிக்கும்போது ஒரு க்ளெய்ம் (இழப்பீட்டுக் கோரிக்கை) எண்ணைக் கொடுத்துவிடுவார் என்பது முன்பு ஒருமுறை முன்கண்ணாடி உடைந்தபோது எனக்கு ஏற்பட்ட அனுபவம். பதிவான க்ளெய்மைப் பணம் வாங்காமலே முடித்துக்கொள்ளலாம் என்றாலும், பதிவு பதிவுதான். அதே சமயம், சேதத்தைத் தாமதமின்றித் தெரிவிக்க வேண்டும் என்றும், காப்பீட்டு நிறுவனத்துக்காகச் சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் பார்ப்பதற்கு முன் பழுது பார்க்கக் கூடாது என்றும் பாலிசியில் நிபந்தனை இருந்தது. எனவே எனக்கு நானே இரண்டு நாள் தவணை கொடுத்துக்கொண்டேன். க்ளெய்ம் போட்டாலும் போடாவிட்டாலும் செய்ய வேண்டியவை சில இருந்தன; அவற்றை அன்றே முடித்துவிடுவது என்று வைத்துக்கொண்டேன்.

முதல் வேலை படங்கள் எடுப்பது. கார் நின்ற நிலையும் சுற்றியுள்ள இடமும் தெரியும்படி தள்ளி நின்று நான்கு படங்கள், பிறகு நெருங்கிச் சென்று சில படங்கள். அளவு நாடாவைத் தரையிலிருந்து நிமிர்த்திப் பிடித்து, கீறல் தொடங்கும் உயரம் தெரியும்படி ஒரு படம் தனியாக எடுத்தேன். 52 சென்டிமீட்டர். இது தேவையற்ற நுணுக்கமாகத் தோன்றலாம். ஆனால் இன்னொரு வண்டி இடித்த அடையாளத்தையும் நாமே தூணிலோ திண்ணையிலோ உரசிய அடையாளத்தையும் சர்வேயர் உயரத்தையும் இழுபட்ட திசையையும் வைத்தே பிரித்துச் சொல்கிறார். வண்டியை நகர்த்திய பிறகு இந்த ஆதாரத்தில் பாதி போய்விடும். சிவப்புச் சில்லை ஓர் உறையில் போட்டுத் தேதி எழுதினேன்.

இரண்டாவது வேலை கேமரா. கண்காணிப்புக் கேமராவின் பதிவு என்றென்றும் இருக்கும் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். இடம் நிரம்பியதும் பழையதன் மேல் புதியது பதிவாகிவிடும். எங்கள் வாகன நிறுத்தத்தில் 7 நாள்தான் நிற்கும் என்று காவலாளி சொன்னார். அவரோடு உட்கார்ந்து ஓட்டிப் பார்த்தேன். இரவு 11.40க்கு ஒரு வெள்ளை வேன் பின்னோக்கி வருகிறது, நிற்கிறது, என் கார் லேசாக ஆடுகிறது. பிரேக் விளக்கு அணையாமல் ஏறக்குறைய பத்து விநாடி அப்படியே நிற்கிறது. பிறகு முன்னால் நகர்ந்து போய்விடுகிறது. எதிரில் நின்ற இன்னொரு வண்டியின் விளக்கொளி பட்டு அதன் எண் பலகை வெறும் வெள்ளைக் கட்டமாகத் தெரிந்தது. அந்தப் பத்து விநாடியில் அவர் என்ன யோசித்தார் என்பதைத்தான் அன்று முழுவதும் நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

எண் தெரிந்திருந்தால் வழியே வேறு. இடித்தவருடைய மூன்றாம் நபர் காப்பீட்டிலிருந்து கேட்கலாம், அல்லது அவரே பணம் கொடுக்கச் சம்மதித்தால் எழுதி வாங்கிக்கொள்ளலாம். என் பாலிசியைத் தொட வேண்டிய அவசியமே இருந்திருக்காது. எண் இல்லாததால் அந்தக் கதவு மூடியது. காவல் நிலையத்தில் ஒரு புகார் மட்டும் எழுதிக் கொடுத்து ரசீது வாங்கிக்கொண்டேன். ஆள் அகப்படுவார் என்ற நம்பிக்கையில் அல்ல, பின்னால் யாராவது கேட்டால் காட்டுவதற்காக.

மறுநாள் பட்டறைக்குப் போனேன். வண்டியைச் சுற்றி ஒருமுறை நடந்துவிட்டு மெக்கானிக் கேட்ட முதல் கேள்வி, "இன்சூரன்ஸ்ல போறீங்களா சார், கையிலருந்து குடுக்கறீங்களா?" என்பதுதான். சேதம் எவ்வளவு என்று நான் கேட்க வாயெடுப்பதற்கு முன்பே யார் பணம் என்று அவர் கேட்டுவிட்டார். இந்தக் கேள்விக்கு நாம் சொல்லும் பதிலைப் பொறுத்து எஸ்டிமேட் மாறுகிறது என்பதை நான் புரிந்துகொள்ளக் கொஞ்ச நேரம் ஆனது. காப்பீடு என்றால் பம்பரையே மாற்றிவிடலாம் என்கிறார்கள். கையிலிருந்து என்றால் அதே பம்பரைச் சூடு காட்டி நிமிர்த்தி, பட்டி பார்த்து, பெயிண்ட் அடித்துவிடலாம் என்கிறார்கள். இரண்டும் பொய்யல்ல. உலோகத் தகட்டில் விழும் ஒடுக்கு வேறு, பிளாஸ்டிக் பம்பரில் விழும் அமுக்கம் வேறு. வெடிப்பு இல்லாத பிளாஸ்டிக் சூட்டில் இளகிப் பெரும்பாலும் பழைய வடிவத்துக்குத் திரும்பும். பெயிண்ட் போன இடத்தில் தகடு துருவேறும் என்ற அவசரமும் பம்பருக்குக் கிடையாது.

வெள்ளைத் தடத்தின் ஓர் ஓரத்தில் அவர் கொஞ்சம் காம்பவுண்ட் (மெருகேற்றும் பசை) வைத்துத் துணியால் தேய்த்துக் காட்டினார். நான் கீறல் என்று நினைத்ததில் பாதி கரைந்து, அடியிலிருந்து நீலம் வெளியே வந்தது. அது வேனின் பெயிண்ட் என் வண்டியில் ஒட்டியிருந்ததே தவிர என் பெயிண்ட் போனதல்ல. மீதி இடத்தில் நகத்தை வைத்துக் குறுக்கே இழுக்கச் சொன்னார். நகம் தடுக்கினால் கீறல் மேல்பூச்சைத் தாண்டிப் போயிருக்கிறது, தடுக்காமல் வழுக்கினால் பாலிஷிலேயே போய்விடும் என்றார். எனக்கு இரண்டு இடங்களில் தடுக்கியது. அதோடு நிறுத்தச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றியது, அவர்தான் விடவில்லை. பம்பர் என்று நாம் பார்ப்பது வெறும் உறை. இடியைத் தாங்குகிற பாகங்கள் அதற்குப் பின்னால் இருக்கின்றன. உறை நிமிர்ந்து நின்றுவிட்டால் உள்ளே உடைந்தது தெரியாமலே போய்விடும் என்றார். ஓரத்துக் கிளிப்புகளை மட்டும் தளர்த்தி, உறையை இரண்டு விரல் அகலம் விலக்கிப் பிடித்து, டார்ச் அடித்துப் பார்க்கச் சொன்னார். இரும்புச் சட்டம் நேராக இருந்தது. பம்பரைத் தாங்கும் பிளாஸ்டிக் பிராக்கெட்டின் ஒரு காது உடைந்து தொங்கியது; பார்க்கிங் சென்சாரின் ஒயர் நசுங்கியிருந்தது. எதையும் கழற்றாமல் படம் மட்டும் எடுத்துக்கொண்டு மூடினோம். இதைப் பார்க்காமல் முடிவெடுத்திருந்தால், எந்த முடிவும் அரைகுறை முடிவாகவே இருந்திருக்கும்.

அன்று இரவு கணக்குப் போட்டேன். ஊருக்கு ஊர், வண்டிக்கு வண்டி தொகை மாறும் என்பதால், எந்தத் தள்ளுபடியும் இல்லாமல் சொந்தச் சேதத்துக்கான ஓராண்டுப் பிரீமியத்தை 100 என்று வைத்து எழுதுகிறேன். பல ஆண்டுகள் க்ளெய்ம் போடாததால் எனக்கு 50 சதவீத நோ க்ளெய்ம் போனஸ் இருந்தது. அதாவது நான் கட்டுவது 50. உதிரிபாகத்தோடு பம்பரையும் மாற்ற அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் நிலையம் கொடுத்த எஸ்டிமேட் 120. அதே பம்பரை நிமிர்த்தி, பிராக்கெட்டையும் ஒயரையும் மாற்றிப் பெயிண்ட் அடிக்கப் பட்டறையில் சொன்னது 70.

120க்கு க்ளெய்ம் போட்டால் 120 கிடைக்காது. முதலில் ஒவ்வொரு க்ளெய்மிலும் நாமே ஏற்க வேண்டிய தொகை 10 கழியும். பிளாஸ்டிக் பாகங்களின் விலை 70. என் பாலிசியில் தேய்மானத்தை ஈடுகட்டும் கூடுதல் வசதி இல்லாததால் அதில் பாதி, 35, என் தலையில் விழும். பெயிண்ட் பொருளிலும் பாதி, இன்னொரு 10. ஆக, காப்பீட்டு நிறுவனம் கொடுப்பது 65, நான் கொடுப்பது 55. பட்டறையில் மொத்த வேலைக்குமே 70தான் கேட்கிறார்கள் என்னும்போது, க்ளெய்மினால் கையில் மிச்சமாவது 15 மட்டுமே.

அந்த 15க்கு நான் கொடுக்கும் விலை என்ன என்பதுதான் அடுத்த கணக்கு. க்ளெய்ம் போட்டால் அடுத்த புதுப்பித்தலில் போனஸ் பூஜ்யமாகிவிடும். அதன் பிறகு 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று ஒவ்வொரு படியாகத்தான் ஏறும். முதல் ஆண்டு 50க்குப் பதில் 100 கட்ட வேண்டும், கூடுதல் 50. இரண்டாம் ஆண்டு 80, கூடுதல் 30. அடுத்தடுத்த ஆண்டுகளில் 25, 15, 5. கூட்டினால் 125. வண்டியின் மதிப்பு ஆண்டுதோறும் குறைவதால் பிரீமியமும் குறையும், எனவே உண்மையான தொகை இதைவிடக் கொஞ்சம் குறைவாக இருக்கும்; 100 என்றே வைத்துக்கொண்டாலும் 15க்காக 100 கொடுக்கிற வியாபாரம் அது. பலர் முதல் ஆண்டின் இழப்பை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். நானும் முன்கண்ணாடி விஷயத்தில் அப்படித்தான் செய்தேன்.

இதே சேதம், இதே எஸ்டிமேட், ஆனால் பாலிசி எடுத்து முதலாண்டிலேயே இருக்கிற ஒருவருக்குக் கணக்கு பெரிதும் மாறும் என்பதையும் சொல்ல வேண்டும். அவர் இழப்பதற்கு இன்னும் போனஸ் சேரவில்லை; அவருடைய ஏறுபடி ஓராண்டு தள்ளிப்போகிறது, அவ்வளவுதான். அதே ஏணியில் கூட்டிப் பார்த்தால் அவருக்கு ஐந்தாண்டுகளில் 50தான் போகும். தேய்மான வசதியும் போனஸ் பாதுகாப்பு வசதியும் எடுத்தவராக இருந்தால் தயங்க வேண்டிய தேவையே இல்லாமல் போகலாம். ஆகவே, "சின்னச் சேதத்துக்கெல்லாம் க்ளெய்ம் போடாதே" என்று அனுபவசாலிகள் பொத்தாம்பொதுவாகச் சொல்வதை நான் அப்படியே ஏற்பதில்லை. சேதத்தின் அளவைவிட, ஏணியில் நாம் எந்தப் படியில் நிற்கிறோம் என்பது அதிகம் தீர்மானிக்கிறது.

நடுவில் ஒரு சபலமும் வந்தது. இடது கதவில் ஓராண்டுக்கு முன்பே ஒரு நீளக் கீறல் இருந்தது. "அதையும் இதோட சேர்த்துப் போட்டுடலாம் சார், எல்லாரும் செய்றதுதான்" என்றார் சர்வீஸ் நிலையத்தில் எஸ்டிமேட் எழுதியவர். பின்னாலிருந்து வந்து வலது மூலையில் இடித்த வேன் இடது கதவைக் கீறியது எப்படி என்று எந்தச் சர்வேயரும் கேட்பார். தனித்தனிச் சம்பவங்கள் என்றால் தனித்தனி க்ளெய்ம், ஒவ்வொன்றிலும் அந்த 10 தனியாகக் கழியும். ஒரே சம்பவம் என்று பொய் சொல்லி மாட்டிக்கொண்டால் உண்மையான பங்குக்கும் பணம் வராமல் போகும். இவ்வளவும் எனக்குத் தெரியும். இருந்தும் இரண்டு நிமிடம் யோசித்தேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். யாரோ செய்த தவறுக்கு நான் ஏன் செலவழிக்க வேண்டும் என்ற கோபம் அந்த இரண்டு நாளும் என்னோடுதான் இருந்தது. பிரீமியம் கட்டுவது எதற்காக என்று வீட்டிலும் கேட்டார்கள். ஆனால் அந்தப் பணம் வேன்காரரின் பையிலிருந்து போகப்போவதில்லை. என் வலது பையிலிருந்தா இடது பையிலிருந்தா என்பதுதான் என் முன் இருந்த கேள்வி.

பட்டறையிலேயே விட்டேன். கதவுத் தூணில் ஒட்டியிருந்த பெயிண்ட் குறியீட்டைப் பார்த்துத்தான் நிறம் கலந்தார்கள். இருந்தாலும் ஆறு ஆண்டு வெயில் குடித்த நீலத்துக்குப் பக்கத்தில் புது நீலம் ஒரு சாயல் தூக்கலாகத்தான் தெரிந்தது. பில்லில் என்னென்ன வேலை, எந்தப் பாகம், எந்தத் தேதி என்று விவரமாக எழுதி வாங்கி, சில்லு இருந்த அதே உறையில் வைத்தேன்.

கதை அங்கே முடிந்திருந்தால் என் கணக்கை மெச்சிக்கொண்டிருப்பேன். பாலிசியைப் புதுப்பித்து நான்கு மாதம் ஆகியிருந்தது. குறுகிய வளைவில் நானே ரிவர்ஸ் எடுத்து, இடதுபக்கப் பின்தகட்டைத் தூணில் அழுத்தமாகத் தேய்த்துவிட்டேன். உலோகத் தகடு, மடிப்பு விழுந்துவிட்டது. பிரீமியத்தை 100 என்று வைத்த அதே கணக்கில், செலவு பல நூறுகளில் போனது. இந்த முறை யோசிக்காமல் க்ளெய்ம் போட்டேன், போனஸ் போனது. அப்படியானால் அதைக் காப்பாற்ற அன்று 70 கொடுத்தது வீணா என்று மீண்டும் தாளை எடுத்து உட்கார்ந்தேன். வேன் இடித்தபோது க்ளெய்ம் போட்டிருந்தால் என் பங்கு 55, புதுப்பித்தலில் கூடுதலாகக் கட்டியிருக்க வேண்டியது 50, மொத்தம் 105. அதற்குமேல் இழப்பதற்கு எதுவும் இருந்திருக்காது, ஏனென்றால் தூண் எப்படியும் என்னைப் பூஜ்யத்தில்தான் கொண்டுவந்து நிறுத்தியிருக்கும். ஆக 70 கொடுத்ததே லாபம்தான். நான் எண்ணியிருந்த 110 அல்ல, வெறும் 35. தூணில் தேய்த்தது புதுப்பித்தலுக்கு முன்பே, அதே பாலிசி ஆண்டில் நடந்திருந்தால், இரண்டுக்குமாகப் போனஸ் ஒரே தடவைதான் போயிருக்கும்; அப்போது முதல் சேதத்துக்கும் க்ளெய்ம் போட்டிருந்தால் 15 மிச்சமாகியிருக்கும். வரும் ஆண்டுகளில் எதுவும் நடக்காது என்ற அனுமானம் அந்த 125க்குள் சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்ததை முதல் கணக்கில் நான் கவனிக்கவில்லை.

தூண் சேதத்தைப் பார்க்க வந்த சர்வேயர் இடதுபக்கத்தைப் படமெடுத்துவிட்டுப் பின்னால் வந்தவர், குனிந்து வலது மூலையில் விரலை வைத்து, "இங்கே பெயிண்ட் சாயல் வேற மாதிரி இருக்கே, இதுவும் இப்ப பட்டதா?" என்று கேட்டார். உறையிலிருந்து பில்லை எடுத்துக் கொடுத்தேன். தேதியைப் பார்த்தார், தன் தாளில் ஒரு வரி எழுதிக்கொண்டார், பில்லைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மறுபடியும் இடதுபக்கத்துக்குப் போனார்.