எங்கள் ஊர்த் தட்டச்சர் மிட்சுயே எண்டோ

கலிபோர்னியா மாநில அரசின் துறை ஒன்றில், சாக்ரமெண்டோ நகரில், பணியாளர் பிரிவில் வேலை பார்க்கிறேன். ஊழியர் ஒருவர் மீது ஒழுங்கு நடவடிக்கை என்றால், அதற்கான குற்றச்சாட்டுக் குறிப்பாணையின் வரைவு என் மேசைக்கு வரும். தமிழ்நாட்டு அரசு ஊழியர்கள் ‘17 பி’ என்ற ஒழுங்கு நடவடிக்கை விதியின் பெயரைக் கேட்டதும் முகம் மாறுவார்களே, ஏறக்குறைய அந்த வகைக் காகிதம். எந்த விதியின் கீழ், எந்தச் செயலுக்காக, அது எந்தத் தேதியில் நடந்தது என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். இல்லையென்றால் திருப்பி அனுப்பிவிடுவேன்.

ஜனவரி 30 இங்கே ஃபிரெட் கோரெமாட்சு நாள். ஓக்லாந்தில் பிறந்து, கப்பல் தளத்தில் வெல்டராக இருந்தவர் அவர். 1942இல் ஜப்பானிய வம்சாவளியினர் எல்லோரும் வெளியேற வேண்டும் என்று ராணுவம் உத்தரவிட்டபோது போக மறுத்துக் கைதானார். அவர் பிறந்த நாளை மாநிலம் 2011 முதல் நினைவுகூர்கிறது. அன்று மதிய இடைவேளையில் எங்கள் பிரிவில் யாராவது கொஞ்ச நேரம் பேசுவது வழக்கம். இந்த முறை என்னிடம் கேட்டார்கள். கோரெமாட்சுவைப் பற்றி எல்லோருக்கும் ஓரளவு தெரியும், பள்ளிகளில் சொல்லிக்கொடுக்கிறார்கள். அதனால் அதே காலத்தில் வழக்காடிய மிட்சுயே எண்டோவைப் பற்றிப் பேசுகிறேன் என்றேன். எங்கள் அறையில் பாதிப் பேர் அந்தப் பெயரைக் கேள்விப்பட்டதே இல்லை. அவர் எங்கள் ஊர்க்காரர். மாநில அரசில் தட்டச்சராக இருந்தவர். எங்களில் ஒருவர்.

1941 டிசம்பரில் அமெரிக்கக் கடற்படைத் தளமான பேர்ல் ஹார்பரை ஜப்பான் தாக்கியது. 1942 பிப்ரவரி 19 அன்று மக்களை வெளியேற்ற ராணுவத்துக்கு அதிகாரம் தரும் 9066ஆம் எண் ஆணையில் அதிபர் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்டார். அதன் பின் அமெரிக்காவின் மேற்குக் கரையிலிருந்து ஜப்பானிய வம்சாவளியினர் சுமார் 1,20,000 பேர் முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். மூன்றில் இரண்டு பங்கினர் அமெரிக்காவில் பிறந்த குடிமக்கள். இவ்வளவும் பரவலாகத் தெரிந்த செய்தி. முகாமுக்கு முன்பே நடந்த ஒன்றைத்தான் நான் சக ஊழியர்களுக்கு விரிவாகச் சொல்ல நினைத்தேன்.

மாநில அரசின் பணியாளர் வாரியம், ஜப்பானிய வம்சாவளி ஊழியர்களுக்கு மட்டும் ஒரு கேள்வித்தாளை அனுப்பியது. பிறகு குற்றச்சாட்டுகள் வந்தன. ஜப்பானிய மொழி படிக்கத் தெரியும், ஜப்பானியப் பள்ளிக்குப் போனார், ஜப்பானியச் சங்கத்தில் உறுப்பினர் என்ற ரீதியில் ஒரே பட்டியல், எல்லோருக்கும். பெயர் மட்டும் மாறியது. எண்டோவுக்கு ஜப்பானிய மொழி பேசவும் வராது, படிக்கவும் வராது. ஜப்பானுக்குப் போனதே இல்லை. மெதடிஸ்ட் கிறித்தவர். அவருடைய சகோதரர் அமெரிக்க ராணுவத்தில் இருந்தார். எண்டோ மீதும் அதே பட்டியல்தான். வேலையும் போயிற்று.

அந்த வரலாற்றைப் படித்தபோது எனக்குப் பொங்கிய கோபம் இன்னும் அடங்கவில்லை. துப்பாக்கியும் முள்வேலியும் பின்னால் வந்தவை. முதலில் வந்தது என் மேசையில் இருப்பது போன்ற ஒரு காகிதம். அதை யாரோ வரைந்திருக்கிறார்கள், யாரோ தட்டச்சு செய்திருக்கிறார்கள், யாரோ சரிபார்த்து அனுப்பியிருக்கிறார்கள். இவர் செய்தது என்ன, எந்தத் தேதியில் என்று ஒருவராவது கேட்டு அதைத் திருப்பி அனுப்பியிருக்க வேண்டும்.

அந்த ஊழியர்களுக்காக வாதாட வந்தவர் ஜேம்ஸ் பர்செல் என்ற வழக்கறிஞர். அவருடைய தந்தை சிறைக் காவலர். டான்ஃபரன் குதிரைப் பந்தய மைதானத்தின் லாயங்களில் குடும்பங்கள் அடைக்கப்பட்டிருந்ததைப் பார்த்தபோது, சிறை எப்படி இருக்கும் என்று தெரிந்த அந்த மனிதர் கொதித்துப்போனார். வேலையைத் திரும்பப் பெறுவதற்கான வழக்கு, அடைத்து வைத்ததையே எதிர்க்கும் ஆட்கொணர்வு மனுவாக மாறியது. யார் பெயரில் போடுவது? ஊழியர்கள் எழுதி அனுப்பிய விவரங்களைப் பார்த்து பர்செல் எண்டோவைத் தேர்ந்தெடுத்தார். இருவரும் நேரில் சந்தித்திருக்கவில்லை. கூச்ச சுபாவமுள்ள 22 வயதுப் பெண், முகாமிலிருந்து சம்மதம் சொன்னார். 1942 ஜூலையில் சான் பிரான்சிஸ்கோவின் கூட்டாட்சி நீதிமன்றத்தில் மனு தாக்கலானது. ஓராண்டு கழித்து நீதிபதி அதைத் தள்ளுபடி செய்தார்.

பிறகுதான் அரசு ஒரு வழி சொன்னது. மேற்குக் கரைக்குத் திரும்புவதில்லை என்று ஒப்புக்கொண்டால் உடனே வெளியே போகலாம். அவர் போய்விட்டால் அடைத்து வைக்கப்பட்டவர் என்று யாரும் இல்லை, வழக்கும் செத்துவிடும். எண்டோ மறுத்தார். முதலில் டூலி லேக் முகாம், பிறகு யூட்டா பாலைவனத்தில் டோபாஸ் முகாம். கதவு திறந்திருக்கிறது என்று தெரிந்தும், மற்றவர்கள் ஒவ்வொருவராக அனுமதி வாங்கிக் கிழக்கே போவதைப் பார்த்துக்கொண்டும், அவர் உள்ளேயே இருந்தார்.

இதைச் சொல்லி நிறுத்தியபோது, எங்கள் பிரிவின் மூத்த ஊழியர் ஒருவர் பேச ஆரம்பித்தார். அவருடைய தாத்தாவின் குடும்பமும் டூலி லேக்கில் இருந்தது. அனுமதி கிடைத்ததும் தாத்தா ஐடஹோவில் பீட் வயல் வேலைக்குப் போய்விட்டாராம். “அதைத் தவறென்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. சின்னக் குழந்தைகள் இருந்தார்கள். ஆனால் அவர் போன பிறகும் ஒருத்தி அவருக்காகவும் சேர்த்து உள்ளே இருந்திருக்கிறாள் என்று இன்றைக்குத்தான் தெரிகிறது” என்றார். அவரோடு எத்தனையோ கோப்புகளில் சேர்ந்து வேலை செய்திருக்கிறேன். தாத்தாவைப் பற்றி அவர் பேசி அன்றுதான் கேட்டேன்.

1944 டிசம்பர் 18 அன்று உச்ச நீதிமன்றம் இரண்டு தீர்ப்புகளைச் சொன்னது. கோரெமாட்சு 6க்கு 3 என்று தோற்றார். எண்டோ ஒருமனதாக வென்றார்: விசுவாசமானவர் என்று அரசே ஒப்புக்கொள்ளும் குடிமகளை அடைத்து வைக்க முகாம் நிர்வாகத்துக்கு அதிகாரம் இல்லை. நீதிபதி டக்ளஸ் எழுதிய அந்தத் தீர்ப்பு அரசியல் சாசனக் கேள்விக்குள் போகாமல் ஒதுங்கிக்கொண்டது. அது எனக்குக் குறையாகவே படுகிறது. நீதிபதி மர்ஃபி மட்டும், இது இனவெறி என்று தனியாக எழுதி வைத்தார். தீர்ப்புக்கு முந்தின நாளே ராணுவம் தடையை நீக்குவதாக அறிவித்துவிட்டது. 1945 ஜனவரி 2 முதல் மக்கள் ஊர் திரும்பலாம் என்றானது.

கோரெமாட்சுவின் தண்டனையை 1983இல் நீதிபதி மேரிலின் ஹால் படேல் ரத்து செய்தார். 1998இல் அவருக்கு அதிபரின் சுதந்திரப் பதக்கமும் கிடைத்தது. அவர் கடைசி வரை மேடைகளில் பேசினார், பேச வேண்டியவரும்கூட. எண்டோ பேசவே இல்லை. சிகாகோவில் குடியேறி, மேயரின் இன உறவுக் குழுவில் செயலராக வேலை பார்த்து, மணம் செய்து, பிள்ளைகளை வளர்த்தார். அவருடைய மகளுக்கே இருபது வயதுக்கு மேல்தான் இந்த வழக்கு தெரியவந்ததாம். 2006இல் இறந்தார். 2025 ஜனவரி 2 அன்று, தடை நீங்கி சரியாக 80 ஆண்டுகள் கழித்து, அதிபரின் குடிமக்கள் பதக்கம் அவருக்கு வழங்கப்பட்டது. வாங்க அவர் இல்லை.

கூட்டத்தில் புதிதாகச் சேர்ந்த இளைஞர் ஒருவர் கேட்டார்: “வேலை திரும்பக் கிடைத்ததா?” பணியாளர் பிரிவுக்காரர் கேட்க வேண்டிய கேள்விதான். எண்டோ இந்த ஊருக்கு வேலைக்குத் திரும்பவில்லை. நீக்கப்பட்ட ஊழியர்களுக்குத் தலா 5,000 டாலர் தர 1982இல்தான் மாநிலம் சட்டம் செய்தது. 2020இல் சட்டமன்றக் கீழவை, முகாம்களுக்குத் துணைபோனதற்காக மன்னிப்புக் கேட்டது.

எங்கள் தளத்தின் பெரிய கூட்ட அறைக்கு இப்போது ஒரு எண் மட்டும்தான் இருக்கிறது. ஒழுங்கு நடவடிக்கை விசாரணைகள் நடப்பது அங்கேதான். அதற்கு மிட்சுயே எண்டோ பெயர் வைக்க வேண்டும் என்று எழுதி, நானும் அந்த மூத்த ஊழியரும் முதலில் கையெழுத்திட்டு, பிரிவில் உள்ள எல்லோரிடமும் வாங்கி அனுப்பியிருக்கிறோம். கோப்பு கட்டட நிர்வாகப் பிரிவில் இருக்கிறது. என்ன ஆயிற்று என்று ஒவ்வொரு திங்கட்கிழமையும் அவர்களைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.