வெளிநாட்டில் போன்: நம்பர் ஒரு சிம்மில், டேட்டா இன்னொரு சிம்மில்

வெளிநாட்டுப் பயணம் முடிந்து வரும் பெரிய போன் பில்லைப் பிரித்துப் பார்த்தால், நாம் தெரிந்தே பேசிய பேச்சுக்கான பணம் பெரும்பாலும் அதில் ஒரு ஓரமாகத்தான் இருக்கும். மீதியெல்லாம் பாக்கெட்டில் கிடந்த போன் தானாகப் பார்த்த வேலை. போட்டோ பேக்கப், ஆப் அப்டேட், எடுக்காமல் விட்ட அழைப்பு, வாய்ஸ்மெயிலுக்குப் போன அழைப்பு. ஆகவே செலவைக் குறைப்பதென்றால் பேச்சைக் குறைப்பது அல்ல. எந்த சிம் எந்த வேலையைப் பார்க்க வேண்டும் என்று கிளம்பும் முன்பே பிரித்து வைப்பதுதான்.

ரோமிங்கில் நம் சிம் அந்த நாட்டு நெட்வொர்க்கில் விருந்தாளி. அந்த நிறுவனம் நம் நிறுவனத்திடம் மொத்த விலையில் வசூலிக்கும். நம் நிறுவனம் அதன்மேல் தன் பங்கை ஏற்றி நம்மிடம் வாங்கும். டேட்டாவும் பெரும்பாலும் நம் நாட்டு நெட்வொர்க் வரை போய்த்தான் இணையத்தில் கலக்கிறது. பக்கத்துத் தெரு ஓட்டலின் வலைப்பக்கத்தைத் திறந்தாலும் கோரிக்கை கடல் தாண்டிப் போய்த் திரும்பி வரும், அதனால் தாமதம் இருக்கும். இதில் ஒரு லாபமும் உண்டு: சீனாவில் உள்ளூர் சிம்மில் திறக்காத வாட்ஸ்அப்பும் கூகுளும், வெளிநாட்டு சிம்மின் ரோமிங்கில் பொதுவாகத் திறக்கும்.

இன்றைக்குப் பெரும்பாலானவர்களுக்குச் சரிவரும் ஏற்பாடு இரண்டு சிம். வீட்டு சிம் போனிலேயே இருக்கட்டும், ஆனால் அதன் வேலை நம்பரை உயிரோடு வைப்பதும் வங்கி ஓடிபியை வாங்குவதும் மட்டும். டேட்டா முழுக்கப் பயணத்துக்கென வாங்கிய இ-சிம்மில், அதாவது அட்டை இல்லாமல் இணையம் வழியே போனுக்குள் இறங்கும் சிம்மில், ஓடட்டும். வாட்ஸ்அப் பழைய நம்பரிலேயே தொடரும். புது சிம் போட்டதும் நம்பரை மாற்றவா என்று அது கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

இ-சிம் வாங்கும் முன் இரண்டு விஷயங்களைப் பார்த்துவிட வேண்டும். முதலாவது, டயலரில் *#06# அழுத்துங்கள். போனின் அடையாள எண்ணான ஐஎம்இஐ-யோடு, இ-சிம்முக்கான 32 இலக்க இஐடி என்ற எண்ணும் வந்தால் போனில் இ-சிம் வசதி உண்டு. ஐபோனில் 2018-இல் வந்த எக்ஸ்எஸ், எக்ஸ்ஆர் மாடல்களிலிருந்து இது இருக்கிறது. சீனச் சந்தைக்கென்று செய்த ஐபோன்களில் பெரும்பாலும் இராது. இரண்டாவது, போன் ஒரு நிறுவனத்துக்கு லாக் ஆகியிருக்கிறதா என்பது. தவணையில் வாங்கிய போன்களில் இது சகஜம். ஐபோனில் செட்டிங்ஸ், ஜெனரல், அபௌட் என்று போனால் 'நோ சிம் ரெஸ்ட்ரிக்ஷன்ஸ்' என்று இருக்க வேண்டும். ஆண்ட்ராய்டில் வேறு நிறுவனத்தின் சிம் ஒன்றைப் போட்டுப் பார்ப்பதே நிச்சயமான சோதனை. லாக்கை எடுக்க சில நாட்கள் ஆகலாம், கிளம்புகிற அன்று இதைத் தொடங்க முடியாது.

இ-சிம்மை வீட்டு வைஃபையிலேயே நிறுவிவிடுங்கள். நிறுவ இணையம் வேண்டும். விமான நிலையத்தில் இறங்கிய பிறகு அந்த இணையத்துக்காகத்தானே இ-சிம் வாங்கினோம்? க்யூஆர் கோடு அதே போனின் மின்னஞ்சலுக்கு வந்து, அதைப் படிக்க வேறு போன் இல்லாமல் தவிப்பதும் வழக்கமான கதைதான். கூடவே எஸ்எம்-டிபி பிளஸ் முகவரியும் (இ-சிம் இறங்கி வரும் சர்வரின் முகவரி) ஆக்டிவேஷன் கோடும் எழுத்தாக வந்திருக்கும், இ-சிம் சேர்க்கும் இடத்தில் அவற்றைக் கையால் ஒட்டினால் போதும். ஆனால் நிறுவும் முன் ஒரு வரியைத் தேடிப் படியுங்கள்: நாள் கணக்கு எப்போது தொடங்குகிறது? சில திட்டங்களில் நிறுவிய நொடியிலிருந்து, பலவற்றில் அந்த நாட்டு நெட்வொர்க்கில் முதன்முதலாக இணைந்ததிலிருந்து. முதல் வகை என்றால் கிளம்புகிற நாளில் நிறுவுங்கள். இன்னொன்று, வேலை செய்யவில்லை என்ற எரிச்சலில் இ-சிம்மை அழித்துவிடாதீர்கள். பெரும்பாலான க்யூஆர் கோடுகள் ஒரே முறைதான் எடுபடும்.

வேலை செய்யாததற்குக் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: டேட்டா ரோமிங் அணைந்திருக்கும். 'ரோமிங்கை ஆன் செய்யாதே' என்று காலகாலமாகக் கேட்டுப் பழகியதால் வரும் தவறு இது. பயண இ-சிம்களில் பலவும் வேறொரு நாட்டு நிறுவனத்தின் சிம்கள். போகிற நாட்டில் அவையும் ரோமிங்கில்தான் ஓடும். ஆகவே இ-சிம் லைனில் டேட்டா ரோமிங் ஆன், வீட்டு சிம் லைனில் ஆஃப். இரண்டுக்கும் தனித்தனி சுவிட்ச் இருக்கிறது. மொபைல் டேட்டாவுக்கு இ-சிம்மைத் தேர்ந்தெடுங்கள். ஐபோனில் அதற்குக் கீழேயே 'அலோ செல்லுலார் டேட்டா ஸ்விட்சிங்' என்று ஒன்று உண்டு, அதை அணைத்துவிடுங்கள். டேட்டாவுக்கு இன்னொரு லைனையும் பயன்படுத்திக்கொள்ள போனுக்கு அது தரும் அனுமதி நமக்கு வேண்டாம். இவ்வளவுக்குப் பிறகும் சிக்னல் கட்டம் நிறைந்து இணையம் மட்டும் வரவில்லை என்றால் மொபைல் நெட்வொர்க் செட்டிங்ஸில் ஏபிஎன் பெட்டி, அதாவது போன் எந்த வாசல் வழியே இணையத்துக்குப் போக வேண்டும் என்று சொல்லும் இடம், காலியாக இருக்கலாம்; இ-சிம்மோடு வந்த குறிப்பில் உள்ள சொல்லை அப்படியே அதில் எழுதுங்கள். அதற்கும் அசையாவிட்டால் நெட்வொர்க் தேர்வை ஆட்டோமேட்டிக்கிலிருந்து எடுத்து, திட்டத்தில் பெயர் சொல்லியிருக்கும் நிறுவனத்தைக் கையால் தேர்ந்தெடுங்கள்.

இனி வீட்டு சிம். ரோமிங்கில் குறுஞ்செய்தி வாங்குவது பெரும்பாலான நிறுவனங்களில் இலவசம், ஓடிபிக்கு அது போதும். ஆனால் சிம்மில் சர்வதேச ரோமிங் சேவை திறந்திருந்தால்தான் அது அங்கே நெட்வொர்க்கையே பிடிக்கும். கிளம்பும் முன் திறந்துவிடுங்கள். அங்கே போன பிறகு திறக்க ஓடிபி கேட்பார்கள், ஓடிபி வர ரோமிங் வேண்டும். திறப்பதால் மட்டும் டேட்டா ஓடாது, அதன் சுவிட்ச் போனில் தனியாக இருக்கிறதே. தானாகச் சேரும் நாள் பேக் வைத்திருக்கிறார்களா என்றும் கேளுங்கள். அப்படி இருந்தால் ஒரு அழைப்பை எடுத்தாலே, துளி டேட்டா கசிந்தாலே அந்த நாள் முழுவதற்குமான கட்டணம் விழும். ஐபோன்காரர்களுக்கு இன்னொரு நுணுக்கம்: சிம்களை மாற்றும்போது ஐமெசேஜும் ஃபேஸ்டைமும் நம்பரைச் சரிபார்க்க சத்தமில்லாமல் ஒரு எஸ்எம்எஸ் அனுப்பும். ரோமிங்கில் அதற்கும் காசு.

எடுக்காத அழைப்புக்கு எப்படிக் காசு வருகிறது? வீட்டிலிருந்து யாரோ கூப்பிடுகிறார்கள். அழைப்பு நீங்கள் இருக்கும் நாட்டின் நெட்வொர்க் வரை வந்து மணி அடிக்கிறது. நீங்கள் எடுக்கவில்லை. 'எடுக்காவிட்டால் வாய்ஸ்மெயிலுக்கு அனுப்பு' என்று பழைய ஃபார்வர்டிங் ஒன்று சிம்மில் கிடக்கிறது. அழைப்பு அங்கிருந்து திரும்ப உங்கள் நாட்டு வாய்ஸ்மெயிலுக்கு வெளிநாட்டு அழைப்பாகப் போகிறது. வந்ததற்கு ஒரு கட்டணம், போனதற்கு ஒரு கட்டணம். இதைத் தவிர்க்க, ஊரைவிட்டுக் கிளம்பும் முன் *#61# அழுத்தினால் எடுக்காத அழைப்பு எங்கே போகிறது என்று காட்டும், *#67# பிஸியாக இருக்கும்போது எங்கே போகிறது என்று காட்டும். அந்த எண்களைக் குறித்து வைத்துக்கொண்டு ##61#, ##67# அடித்து இரண்டையும் நீக்குங்கள். 62 என்பது போன் அணைந்திருக்கும்போது போகும் ஃபார்வர்டிங். அதை விட்டுவிடலாம், அந்த அழைப்பு நம் நாட்டைத் தாண்டாமலே திரும்பிவிடும்.

பேச வேண்டுமென்றால் வாட்ஸ்அப் மாதிரி ஆப்தான் மலிவு. குரல் அழைப்புக்கு நிமிடத்துக்கு ஒரு எம்பிக்குள்தான் செலவாகும். எல்லா இடத்திலும் இது நடக்காது. ஐக்கிய அரபு அமீரகத்தில் வாட்ஸ்அப் அழைப்புகள் நெடுங்காலமாக முடக்கப்பட்டிருக்கின்றன, செய்திகள் மட்டும் போகும். சாதாரண நம்பரைக் கூப்பிட வைஃபை காலிங் நல்ல வழி. பல நிறுவனங்கள் வெளிநாட்டு வைஃபையிலிருந்து நம் நாட்டு நம்பருக்குப் பேசுவதை உள்ளூர் அழைப்பாகவே கணக்கிடும், சில ரோமிங்காகவே கணக்கிடும், சில அனுமதிப்பதே இல்லை. முன்கூட்டிக் கேட்க வேண்டிய கேள்வி இது. தொடர்பு எண்களையெல்லாம் கூட்டல் குறியும் நாட்டுக் குறியீடும் சேர்த்துச் சேமியுங்கள், எந்த நாட்டில் நின்று அழுத்தினாலும் சரியான இடத்துக்குப் போகும்.

ஒரு மாதத்துக்கு மேல் தங்கினாலோ, உள்ளூர் நம்பரில் டாக்ஸி, டெலிவரி என்று பேச வேண்டியிருந்தாலோ உள்ளூர் சிம்தான் சரி. பயண இ-சிம்களில் பல டேட்டா மட்டுமே, நம்பர் இருக்காது. பாஸ்போர்ட்டைக் கையில் வைத்திருங்கள், பல நாடுகளில் அது இல்லாமல் சிம் தர மாட்டார்கள். விமான நிலையக் கவுண்டரில் சுற்றுலாப் பயணி பேக் மட்டும் காட்டுவார்கள், ஊருக்குள் அதே நிறுவனத்தின் கடையில் சின்ன பேக்குகளும் இருக்கும். துருக்கியில் உள்ளூர் சிம் போட்ட வெளிநாட்டுப் போன், பதிவு செய்யாவிட்டால் 120 நாட்களில் முடங்கிவிடும். இந்தோனேசியாவிலும் ஐஎம்இஐ பதிவு உண்டு. ரோமிங்கில் ஓடும் சிம்முக்கு இந்தத் தொல்லை இல்லை.

பழைய போன் எடுத்துப்போகிறவர்கள் கவனிக்க: அமெரிக்காவில் 2022-இலும் ஆஸ்திரேலியாவில் 2024-இலும் பெரிய நிறுவனங்கள் 3ஜி-யை மூடிவிட்டன. 4ஜி வழியே குரல் அழைப்பு, அதாவது வோல்டி, அந்த நெட்வொர்க்கில் எடுபடாத போனில் இணையம் வந்தாலும் அழைப்பு வராது.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2017 ஜூன் 15 முதல் ஒரு உறுப்பு நாட்டு சிம்மை மற்ற உறுப்பு நாடுகளில் வீட்டு விலைக்கே பயன்படுத்தலாம். நார்வே, ஐஸ்லாந்து, லிச்சென்ஸ்டைனும் இதில் சேரும். ஆகவே பல நாடு சுற்றுகிறவர்களுக்கு முதலில் இறங்கும் நாட்டில் வாங்கும் ஒரு சிம்மே போதும். ஸ்விட்சர்லாந்தும் பிரிட்டனும் இந்த விதிக்கு வெளியே. ரயில் ஸ்விஸ் எல்லைக்குள் நுழைந்ததும் விலை மாறிவிடலாம், எல்லையோர ஊரில் அறைக்குள் உட்கார்ந்திருக்கும்போதே போன் அந்தப் பக்கத்துக் கோபுரத்தைப் பிடித்துவிடுவதும் உண்டு. அங்கே நெட்வொர்க்கைக் கையால் தேர்ந்தெடுத்து வையுங்கள். கப்பலில் இன்னும் மோசம். கரை மறைந்ததும் போன் பிடிப்பது செயற்கைக்கோள் வழியே ஓடும் கப்பலின் சொந்த நெட்வொர்க்கை; பெரும்பாலான ரோமிங் பேக்குகளில் அது சேராது. ஏறியதும் ஏரோபிளேன் மோட், பிறகு தேவையென்றால் வைஃபை மட்டும்.

எத்தனை ஜிபி வாங்குவது? வழிகாட்டும் வரைபடம் ஒரு மணி நேரத்துக்குச் சில எம்பிதான் தின்னும், அதையும் முன்கூட்டித் தரவிறக்கி வைத்தால் இன்னும் குறையும். ஹெச்டி படம் மணிக்கு 3 ஜிபி வரை போகும். படத்தை விடுதி வைஃபையில் இறக்கிக்கொண்டால், செய்தியும் வரைபடமுமாக ஒரு வாரத்துக்கு 2 அல்லது 3 ஜிபி தாராளம். போட்டோ பேக்கப், ஆப் அப்டேட், வாட்ஸ்அப் ஆட்டோ டவுன்லோட் மூன்றையும் வைஃபைக்கு மட்டும் என்று மாற்றுங்கள். ஐபோனில் லோ டேட்டா மோட், ஆண்ட்ராய்டில் டேட்டா சேவர் போட்டால் மற்ற ஆப்களும் அடங்கும். 'அன்லிமிடெட்' என்ற சொல்லை மட்டும் நம்பி வாங்காதீர்கள். பலவற்றில் தினம் ஓர் அளவு வரைதான் முழு வேகம், பிறகு 128 கேபிபிஎஸ் மாதிரி ஒரு வேகம். அந்த வேகத்தில் ஒரு எம்பி இறங்கவே ஒரு நிமிடம் ஆகும், வரைபடம் வெறும் சாம்பல் கட்டங்களாகவே நிற்கும். ஹாட்ஸ்பாட் அனுமதி உண்டா என்பதையும் அதே பக்கத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

திரும்பி வந்ததும் மொபைல் டேட்டாவை வீட்டு சிம்முக்கு மாற்ற மறந்து, இங்கே நெட் வரவில்லை என்று நிறுவனத்துக்குப் புகார் சொல்கிறவர்கள் நிறைய. டேட்டாவை மாற்றி, இ-சிம் லைனை அணைத்து, குறித்து வைத்த எண்ணுக்கு **61*எண்# என்று அடித்தால் வாய்ஸ்மெயிலும் பழையபடி வந்துவிடும். 67-க்கும் அதே மாதிரிதான்.